வெள்ளைக்கு வெள்ளை எடுப்பாக இருக்காது

போன வாரம் திருவள்ளூர் கடைத்தெருவில் ஜன்னலுக்குத் திரைத்துணி வாங்கப் போயிருந்தேன். நான் வெள்ளைத் துணியைத் தொட்டதுமே கடைக்காரர் பதறிவிட்டார். “செவுரும் வெள்ளைன்றீங்க, ஸ்கிரீனும் வெள்ளையா? வெள்ளைக்கு வெள்ளை எடுப்பா இருக்காதும்மா.” எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அவர் பிறப்பதற்கு வெகுகாலம் முன்பே, இதே ஊரில் ஒருவர் என்னிடம் இதையே சொல்லியிருக்கிறார்.

அந்த வார்த்தையோடு அத்தர் வாசனையும் வந்தது. ஜமால் பாயின் அத்தர். ஐம்பதுகளில் இங்கே ஒரு சின்ன அச்சகத்தில் பிழை திருத்தும் வேலை பார்த்தேன். கல்யாணமாகி ஒரு வருஷம்கூட முடியாமல் கணவரை இழந்து, வெள்ளைப் புடவையோடு அப்பா வீட்டுக்குத் திரும்பியிருந்தேன். அந்த அச்சகம்தான் எனக்கு வெளியுலகம். வேலையில் அப்படியொன்றும் கெட்டிக்காரி இல்லை. ‘அவன் கோழையல்ல’ என்பதை ‘அவன் கோழியல்ல’ என்று விட்டுவிட்டேன். முதலாளி திட்டவில்லை. “அதுவும் நெஜந்தானே” என்றார்.

அவரை எல்லோரும் நைனா என்போம். திருப்பாச்சூர்ப் பக்கம் நிலபுலன் உள்ளவர். நெல் விற்ற காசில் ஒரு மாதப் பத்திரிகை நடத்தினார். அதில் எந்தக் கதை வந்தாலும் அடியில் ‘நீதி’ என்று ஒரு வரி இருந்தாக வேண்டும். எழுதியவர் கொடுக்காவிட்டால் நைனாவே எழுதிப் போட்டுவிடுவார்.

அதில் கதை எழுதிவந்த ஜமால் பாய் நீதி கொடுக்கவே மாட்டார். பழவேற்காட்டில் அவர் குடும்பத்துக்குக் கருவாட்டு மண்டி. அந்த வாடையை அமுக்கத்தான் அத்தர் என்று முதுகுக்குப் பின்னால் கேலி செய்வோம். ‘ஜமால்’ என்றால் அரபியில் அழகு என்று அவரே பெருமையாகச் சொல்லிக்கொள்வார். கதைக்கு அழகு போதும், நல்லது கெட்டது சொல்வதெல்லாம் வாத்தியார் வேலை என்பது அவர் கட்சி. அவர் கதைகளில் ஒழுக்கமே இல்லை என்று வாசகர்கள் எழுதினால் சந்தோஷப்படுவார்.

ஒரு மார்கழியில் அவர் கொடுத்த கதை இது. விடியற்காலையில் ஒரு விதவை கத்தரிப்பூ நிறப் புடவை கட்டிக்கொண்டு ஏரிக்கரையில் நின்று கொக்குகளைப் பார்க்கிறாள். பிறகு வீட்டுக்குப் போகிறாள். அவ்வளவுதான். அடுத்த பத்தியில் அவளுக்கு என்ன ஆகப்போகிறதோ என்று பயந்துகொண்டே படித்தேன். ஒன்றும் ஆகவில்லை. பென்சிலைக் கீழே வைத்துவிட்டேன்.

நைனாவுக்குப் பொறுக்கவில்லை. “பொடவய வெள்ளையா மாத்து பாய். இல்ல, அவ ஏரில வியுந்து செத்தான்னு முடி. படிக்கிறவன் இன்னா நெனைப்பான்?”

“நல்லா கீதுன்னு நெனைப்பான். நீதி போடணும்னா போட்டுக்குங்க நைனா, அது உங்க சரக்கு. பொடவ என் சரக்கு.”

நைனா கோபத்தோடு எழுதினார்: ‘நீதி: நெறி தவறிய பெண்ணுக்கு நிம்மதி இல்லை.’ புடவையைப் பற்றி நாளைக்கு முடிவு சொல்வதாகச் சொல்லிவிட்டார்.

வாசலில் செருப்பு மாட்டிக்கொண்டிருந்த பாயிடம் துணிந்து கேட்டேன். “எங்கள மாதிரி பொம்பளைங்க மேல இரக்கப்பட்டு எழுதினீங்களா பாய்?”

“சேச்சே, அதெல்லாம் இல்லம்மா. பனியும் வெள்ளை, கொக்கும் வெள்ளை. நடுவுல பொடவயும் வெள்ளைன்னா எடுப்பா இருக்காது.”

நியாயமாகப் பார்த்தால் எனக்குக் கோபம் வந்திருக்க வேண்டும். சிரித்துவிட்டேன். இரக்கப்பட என்னைச் சுற்றி ஊரே இருந்தது. ஒரு நிறம் எனக்கு எடுப்பாக இருக்கலாம் என்று யாரும் நினைத்ததில்லை.

மறுநாள் நைனா அச்சுப்படியை என் முன்னால் வைத்தார். “படிச்சியே, நீ இன்னாம்மா சொல்றே?”

“பொடவ அப்படியே இருக்கட்டும் நைனா. நீதி வாணாம்.”

அவர் என் புடவையைப் பார்த்தார். தம் பென்சிலாலேயே தம் நீதியை அடித்தார். “ஒரு மாசம் நீதி இல்லாம போவட்டும். நாடு கெட்டுடாது.”

தை பிறந்ததும் கத்தரிப்பூ நிறத்தில் ஒரு புடவை வாங்கினேன். அம்மா அழுதாள். கட்டிக்கொண்டு அச்சகத்துக்கு நடந்தபோது தெருவே ஜன்னலுக்கு வந்துவிட்டது. நைனா நிமிர்ந்து பார்த்து, “புரூஃப் ரெடியாம்மா?” என்று மட்டும் கேட்டார். அதற்காகவே அந்த மனிதரை நான் கும்பிட வேண்டும். ஜமால் பாய் தலையைச் சாய்த்துப் பார்த்தார். “ரவிக்க ஒத்து வரலம்மா. கொஞ்சம் மஞ்சளா இருக்கணும்.”

அந்தப் பத்திரிகையில் ஒரு பிரதிகூட இன்று யாரிடமும் இல்லை. அச்சகம் இருந்த இடத்தில் செல்போன் விற்கிறார்கள். நைனாவும் இல்லை, பாயும் இல்லை. இன்று நான் எந்த நிறம் கட்டினாலும் தெருவில் ஒருவரும் திரும்பிப் பார்ப்பதில்லை. அதற்கு அவர்கள் இருவருக்கும் நன்றி. ஆனாலும் பெட்டியைத் திறந்து புடவை எடுக்கும் நாளெல்லாம், ரவிக்கை ஒத்து வரவில்லை என்று சொல்ல ஒருவர் இல்லையே என்று இருக்கிறது.