ரிஜெக்ட் சாரின் ஸ்பீக்கர் பெட்டி

பெற்றோர் ஆசையாக வைத்த பெயர் சம்பளப் பட்டியலில் மட்டும்தான் இருந்தது. தண்ணீர் மீட்டர் தயாரிக்கும் அந்தத் தொழிற்சாலையில் காவலாளி முதல் மேலாளர் வரை எல்லோருக்கும் அவர் ரிஜெக்ட் சார். தரம் பார்க்கும் மேசையில் இருபத்து மூன்று வருடம். மூடியில் தலைமுடி அளவு கீறல் இருந்தால் போதும், 'ரிஜெக்ட்' என்ற சிவப்பு முத்திரை பட்டென்று விழும்.

வீட்டுக்கு வந்தாலும் அந்தக் கை சும்மா இருக்காது. நாற்காலியின் பின்னங்கால் ஆடுகிறது, குழாய் நிமிடத்துக்கு நாலு சொட்டு விடுகிறது என்று கணக்கெடுத்துக்கொண்டே இருக்கும். மாமியார் வீட்டுச் சுவர்க் கடிகாரம் நாற்பது விநாடி பிந்துகிறது என்று கல்யாணத்தன்றே எடுத்துச் சொன்ன மாப்பிள்ளை அவர். இப்படிப்பட்டவர் தரம் பார்க்காமல் விட்டது உலகத்தில் ஒன்றே ஒன்றுதான். அவருடைய கிட்டார் வாசிப்பு.

அவர் மனைவிக்குக் காது மருத்துவமனையில் வேலை. ஆளைக் கண்ணாடி அறைக்குள் உட்காரவைத்து, ஹெட்போன் மாட்டி, "சத்தம் கேட்டா பட்டனை அழுத்துங்க" என்று சொல்லி, யாருக்கு எவ்வளவு கேட்கவில்லை என்பதை முகத்துக்கு நேராகச் சொல்கிற வேலை. அவளுடைய காதைப் பற்றி அந்தக் குடியிருப்பில் ஒரு பேச்சு உண்டு. மூன்றாம் மாடியில் இருந்துகொண்டே கீழ் வீட்டில் பால் பொங்கப் போகிறது என்று குரல் கொடுப்பாளாம். பொங்கின பிறகு இல்லை, பொங்குவதற்கு முன்னால்.

அந்தக் காதோடு பத்தொன்பது வருடம் குடும்பம் நடத்தியும், நிகழ்ச்சி முடிந்து வீடு திரும்பும்போது அவர் கேட்கிற கேள்விக்கு அவள் ஒரே பதிலைத்தான் சொல்லி வந்தாள்.

"நல்லா இருந்துச்சா?"

"நல்லா இருந்துச்சுங்க."

தொழிற்சாலை கிளப்பின் இசைக்குழுவில் நாலு பேர். ஸ்டோர் கீப்பர் பாடுவார், பெயிண்ட் பகுதிக்காரர் டிரம் அடிப்பார், எலெக்ட்ரீஷியன் பேஸ் வாசிப்பார், இவர் கிட்டார். இவருடைய ஆம்ப்ளிஃபையர் ஒரு தலையணை அளவுதான் இருக்கும். டிரம் தொடங்கியதுமே அதன் சத்தம் எங்கே போகிறது என்று யாருக்கும் தெரியாது. அதனாலேயே அவருக்கு நல்ல வாசிப்புக்காரர் என்று பெயர். அதிலும் பாதிப் பாட்டுகளில் நாலாவதாக ஒரு கார்டு, அதாவது பல கம்பிகளைச் சேர்த்து ஒலிக்கிற சுரக்கூட்டு, வரும். ஆள்காட்டி விரலைப் பலகைபோல ஆறு கம்பிகள்மீதும் படுக்கவைத்து அழுத்த வேண்டிய கார்டு. அந்த இடம் வந்ததும் கண்ணை மூடுவார், தலையைப் பின்னால் சாய்ப்பார், வலது கையைக் காற்றில் ஒரு வீசு வீசுவார். முன்வரிசையில் இருப்பவர்கள் உருகிப்போவார்கள். கம்பியில் கை படவே இல்லை என்பது அந்த அரங்கத்தில் ஒருத்திக்கு மட்டும் தெரியும்.

இப்படியே ஓய்வு பெறும்வரை ஓடியிருக்கும். டிரம்மர்தான் கெடுத்தார்.

"சார், தப்பா நினைக்காதீங்க. கிட்டார் காதுலயே விழ மாட்டேங்குது. ஆண்டு விழாவுக்குப் பெரிய மைதானமாம். ஒரு மாசத்துல ஏதாவது பண்ணுங்க. இல்லேன்னா கணக்குப் பிரிவுல புதுசா வந்திருக்கிறவர் கீபோர்டு வாசிக்கிறாராம்."

ரிஜெக்ட் சார் அன்று சாப்பாட்டைப் பிசைந்தாரே தவிர உண்ணவில்லை. தன்னை ஒருவர் தள்ளிவிடலாம் என்பது அவருக்குப் புது அனுபவம்.

மறுநாள் முடிவு பிறந்துவிட்டது. ஆம்ப்ளிஃபையரின் முதுகில் வெளி ஸ்பீக்கருக்கென்று ஒரு துளை இருந்தது. பன்னிரண்டு அங்குல ஸ்பீக்கர் இரண்டு போட்டு ஒரு தனிப் பெட்டி செய்து, அதில் செருகிவிட்டால் மைதானமே அதிரும் என்றார். பெட்டி செய்ய ஆள் வெளியே தேட வேண்டியதில்லை. மனைவியின் அண்ணன் சமையலறை அலமாரி செய்கிற தச்சர்.

தச்சர் வந்து படத்தைப் பார்த்தார். "மாப்ளே, இதுக்குக் கதவு எங்கே?"

"கதவே கூடாது மச்சான். காத்து ஒரு பொட்டு வெளிய போகக் கூடாது."

"அப்போ உள்ளே என்ன வைப்பீங்க?"

"சத்தம்."

தச்சர் தங்கையைப் பார்த்தார். அவள் ஜன்னலைப் பார்த்தாள்.

பதினெட்டு மில்லிமீட்டர் பிளைவுட்டை அறுத்து, மூலைகளுக்குப் பசை போட்டு, உள்பக்கம் குறுக்குச் சட்டம் கொடுத்து, நாலு நாளில் பெட்டியை நிறுத்திவிட்டார் தச்சர். ரிஜெக்ட் சார் ஒவ்வொரு மூலையிலும் விசிட்டிங் கார்டைச் செருகிப் பார்த்தார். எங்கேயும் நுழையவில்லை. அதில் அவருக்குக் கொஞ்சம் வருத்தம்கூட. உள்ளே திணிக்கப் பஞ்சு வேண்டுமென்று விருந்தாளி மெத்தையைக் கிழித்தார். முன்பக்கத்துக்குக் கறுப்புத் துணியை மனைவி தைத்துக் கொடுத்தாள். வயரை மட்டும் யாரையும் தொடவிடவில்லை.

"வயரிங் என் வேலை. எங்க ஃபேக்டரி விதி: சிவப்பு எப்பவும் இடது பக்கம். இதுவரைக்கும் ஒரு தடவைகூடத் தப்பினதில்லை."

கீழ் ஸ்பீக்கரைத் தலைகீழாகத் திருப்பி மாட்டினார். அப்போதுதான் இரண்டின் முனைகளும் நெருங்கி வரும், வயர் மிச்சமாகும். இரண்டிலும் இடது பக்கம் சிவப்பு, வலது பக்கம் கறுப்பு. பற்றவைப்பு கண்ணாடி மாதிரி பளபளத்தது. தன் வேலையைத் தானே பார்த்துத் தலையாட்டிக்கொண்டார்.

பின்பலகையை வைத்து முடுக்கி, முதல் கம்பியைத் தட்டினார்.

தொண்டை கட்டின மனிதர் ஒருவர் பக்கத்து வீட்டுக் குளியலறையிலிருந்து கூப்பிடுவதுபோல ஒரு சத்தம் வந்தது. அடிநாதம் என்பதே இல்லை. தலையணை ஆம்ப்ளிஃபையரே இதைவிட மேல்.

ரிஜெக்ட் சாருக்குச் சந்தேகம் முதலில் பஞ்சின் மேல் விழுந்தது. மெத்தை பழசு, பஞ்சு கட்டி தட்டிவிட்டது என்று எடுத்து, உதிர்த்து, மறுபடி திணித்தார். பிறகு மனைவி தைத்த துணி. நெருக்கமாக நெய்தது, மூச்சு முட்டுகிறது என்று அதையும் கழற்றினார். பிறகு சுவர். பெட்டியை இரண்டு அறைகளிலும் இழுத்து இழுத்து வைத்துப் பார்த்தார். கடைசியில் சந்தேகம் போய் நின்ற இடம் மச்சான்.

"மூலையில எங்கேயோ காத்து ஒழுகுது மச்சான்."

"விசிட்டிங் கார்டு விட்டுப் பார்த்தீங்களே மாப்ளே, நுழையலையே!"

"கார்டு நுழையாது. காத்து நுழையும். உங்க ஆளுங்க பசையில கஞ்சத்தனம் பண்ணியிருப்பாங்க."

"ஆளுங்களா? நானே என் கையால போட்ட பசை! முப்பது வருஷமா அலமாரி செய்றேன். ஒரு கரப்பான்பூச்சி உள்ளே போனதா புகார் வந்ததில்லை. சமையலறையில போய்க் கேளுங்க, எவன் வீட்டுலயாவது என் பெட்டி ஒழுகுதான்னு!" தச்சர் செருப்பை மாட்டிக்கொண்டார். "தங்கச்சி, இவர் இதைச் சொன்னதுக்கு மன்னிப்புக் கேட்கட்டும். அப்புறம் பார்ப்போம்."

மூன்று வாரம் ஓடிவிட்டது. மிச்சம் பத்து நாள். ரிஜெக்ட் சார் பின்பலகையைக் கழற்றிப் போட்டுவிட்டு, ஓரத்தில் ஒட்ட ரப்பர் பட்டை வாங்கக் கடைக்குப் போனார்.

மனைவி திறந்து கிடந்த பெட்டிக்கு முன்னால் உட்கார்ந்தாள். அவளுடைய காது வேறு ஒன்றைச் சொல்லிக்கொண்டிருந்தது. காற்று ஒழுகினால் சீறும், உறுமும். இது சீறவில்லை. ஒன்றை இன்னொன்று தின்கிற சத்தம் இது. மருத்துவமனைக்கு ஹெட்போன் பழுது பார்க்க வருகிறவர் முனைகளில் பேட்டரியைத் தொட்டுப் பார்ப்பதை அவள் பலமுறை பார்த்திருக்கிறாள். கணவர் கிட்டாரோடு சேர்த்துக் காலால் மிதிக்கும் கருவியிலிருந்து சதுர பேட்டரியைக் கழற்றி, பெட்டியில் கேபிள் செருகும் இடத்தில் ஒரு கணம் தொட்டாள்.

மேல் ஸ்பீக்கர் டப்பென்று முன்னால் வந்தது. கீழ் ஸ்பீக்கர் டப்பென்று உள்ளே போனது.

ஆக, இது தள்ளுகிற காற்றை அது உறிஞ்சிக்கொள்கிறது. காற்றுக்கு வெளியே வர வழியே இல்லை. கீழ் ஸ்பீக்கரில் இரண்டு வயரையும் இடம் மாற்றினால் தீர்ந்தது, ஐந்து நிமிட வேலை.

அவள் பேட்டரியைக் கையில் வைத்துக்கொண்டே இருந்தாள். அண்ணன் மேல் அநியாயப் பழி. அது ஒரு பக்கம். இன்னொரு பக்கம், இந்தப் பெட்டி பேச ஆரம்பித்தால் அந்த நாலாவது கார்டு இல்லாத இடம் மைதானம் முழுக்கக் கேட்கும். மாற்றாவிட்டால் கேட்கவில்லை என்பதற்காக அவரை எடுத்துவிடுவார்கள். மாற்றினால் கேட்டுவிட்டது என்பதற்காக எடுத்துவிடுவார்கள். எப்படிப் பார்த்தாலும் கீபோர்டுக்காரருக்கு யோகம்தான்.

ரப்பர் பட்டையோடு அவர் வந்தார்.

"என்னங்க, இதைக் கொஞ்சம் பாருங்க." மறுபடி தொட்டுக் காட்டினாள்.

"பேட்டரியை மாத்திப் பிடிச்சிருப்பே."

"ஒரே பேட்டரி, ஒரே நேரம். ஒண்ணு வருது, ஒண்ணு போகுது."

"அது எப்படி? ரெண்டுலயும் சிவப்பு இடது பக்கம். நான்தானே வச்சேன்!"

"தலைகீழாத் திருப்பி மாட்டினா இடது எங்கே போகும்? அதோட இடதா, உங்களோட இடதா?"

அவர் குனிந்தார். கீழ் ஸ்பீக்கரின் வலது முனையில், தூசிக்கு அடியில், சின்னதாக ஒரு சிவப்புப் புள்ளி இருந்தது. தூசியைத் துடைத்துப் பார்த்தார், புள்ளி அங்கேயேதான் இருந்தது.

பிறகு மச்சானுக்குப் போன் போட்டார்.

"மச்சான், பெட்டியில காத்து ஒழுகலை."

"எனக்குத் தெரியும். அப்போ எது தப்பு?"

"வயரு."

"ஓஹோ. வயரு யாரு வேலை?"

"...சிக்னல் சரியா இல்ல மச்சான், அப்புறம் பேசுறேன்."

"நல்லாவே கேட்குது மாப்ளே! சொல்லுங்க, யாரு வேலை?"

சொல்ல வேண்டியதாகிவிட்டது. மறுமுனையில் சிரித்த சிரிப்பு ஸ்பீக்கர் இல்லாமலே கூடத்துக்குக் கேட்டது.

வயர் மாறியது. பலகை ஏறியது. அவர் கம்பியைத் தட்டினார். ஜன்னல் கண்ணாடிகள் கைதட்டின. அலமாரியிலிருந்த தட்டுகள் ஒன்றையொன்று விசாரித்தன. கீழ் வீட்டுக்காரர் நிலநடுக்கம் என்று குடும்பத்தோடு தெருவில் இறங்கி நின்றதாகச் சொல்கிறார்கள். ரிஜெக்ட் சார் கண் கலங்கிவிட்டார். ஒரு பாட்டை எடுத்தார். முதல் கார்டு, இரண்டாவது, மூன்றாவது, எல்லாம் இடிபோல இறங்கின. நாலாவது இடத்தில் கண்ணை மூடி, தலையைச் சாய்த்து, கையை வீசினார்.

கிணறு மாதிரி ஒரு வெறுமை. அந்த வெறுமைகூடப் பெரிதாகக் கேட்டது.

அவர் கண்ணைத் திறந்தார். மறுபடி வாசித்தார். மறுபடி அதே கிணறு. கிட்டாரை மடியில் வைத்துக்கொண்டு மெதுவாகக் கேட்டார்.

"இது உனக்கு எப்போலேர்ந்து தெரியும்?"

"கல்யாணமான முதல் மாசம்."

"அப்புறம் ஏன் ஒரு நாளும் சொல்லலை?"

"நீங்க 'நல்லா இருந்துச்சா'ன்னுதானே கேட்டீங்க? 'என்ன விட்டுப்போச்சு'ன்னு கேட்டிருந்தா சொல்லியிருப்பேன்."

"எனக்கும் தெரியும்" என்றார் அவர், கம்பிகளைப் பார்த்தபடி. "விரல் எட்ட மாட்டேங்குது. யாருக்கும் கேட்காதுன்னு விட்டுட்டேன்."

"ஆம்ப்ளிஃபையர்ல இருக்கே அந்தச் சத்தத் திருகு, அதைத் திருப்பிச் சின்னதா வச்சுக்கோங்க. பெட்டி இருக்கிற மாதிரியும் இருக்கும், இல்லாத மாதிரியும் இருக்கும்."

அவர் அவளை நிமிர்ந்து பார்த்தார். மூடியில் கீறல் உள்ள மீட்டரை ஒருவர் ஒதுக்காமல் அனுப்பிவிடச் சொன்னால் எப்படிப் பார்ப்பாரோ, அப்படி. "பத்து நாள் இருக்கு" என்றார்.

அந்தப் பத்து நாளை விவரிக்காமல் விடுவதே நல்லது. ஒரே கார்டு. காலையில் வேலைக்குப் போகும் முன் இருநூறு தடவை, வந்த பிறகு முந்நூறு. முதலில் தகரம் கிழிகிற சத்தம், பிறகு ஈ அடைபட்ட சத்தம். ஆள்காட்டி விரலில் ஆறு கோடு விழுந்து அவர் மீட்டரைப் பிடிக்கும்போதெல்லாம் முகம் சுளித்தார். மனைவி கண்ணாடி அறைக்குள் நோயாளிக்குப் பதிலாகத் தானே போய் உட்கார்ந்து கதவைச் சாத்திக்கொண்டதாக மருத்துவமனையில் ஒரு கதை உலவியது. எட்டாம் நாள் மாலை, அவள் பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தபோது, ஆறு கம்பியும் சேர்ந்து ஒரு தடவை சுத்தமாக ஒலித்தது. ஈரக் கையோடு வந்து வாசலில் நின்றாள். அவர் தன் விரலையே, வேறு யாருடையதோபோலப் பார்த்துக்கொண்டிருந்தார்.

விழாவுக்கு முந்தின நாள் ஒத்திகைக்காக மாப்பிள்ளையும் மச்சானும் பெட்டியை மாடிப்படியில் இறக்கினார்கள். "கைப்பிடி வைக்கட்டுமான்னு கேட்டேன், அழகு கெடும்னீங்க. இப்போ அழகைப் பிடிச்சுத் தூக்குங்க" என்று ஒவ்வொரு படிக்கும் ஒரு தடவை சொன்னார் தச்சர்.

கிளப் அறையில் பாட்டு தொடங்கியது. கிட்டார் கேட்டது. டிரம்மர் குச்சியைச் சுழற்றிப் பலே என்று தலையாட்டினார். முதல், இரண்டு, மூன்று. நாலாவது இடத்தில் ரிஜெக்ட் சார் கண்ணை மூடவில்லை. பல்லைக் கடித்து விரலைப் படுக்கவைத்து ஓங்கித் தட்டினார். முழுசாக விழுந்தது கார்டு.

அதே கணத்தில் டிரம்மரின் உருட்டலும் விழுந்தது. இரண்டும் லாரியும் பஸ்ஸும் மாதிரி மோதிக்கொண்டன. பாடகர் வரியை மறந்தார். எல்லோரும் நிறுத்தினார்கள்.

அந்த உருட்டலுக்காகவே டிரம்மருக்கு ஊரில் பெயர். பாதிப் பாட்டுகளில் அந்த இடத்தில் ஒரு இடைவெளி இருக்கிறதே என்று பதினேழு வருடமாகத் தடதடவென்று நிரப்பிக் கைதட்டல் வாங்கி வந்தவர். பாட்டை எழுதினவரே தனக்காக விட்டுவைத்த இடம் என்று நம்பியிருந்தார்.

"சார், அந்த இடத்துல எதுவும் வராதே. அது டிரம்முக்கான இடமாச்சே."

"இல்லைங்க. அது கார்டுதான். நான்தான் இத்தனை நாளா வாசிக்கலை." ரிஜெக்ட் சார் இதை எல்லோர் முன்னாலும், நிமிர்ந்து நின்று சொன்னார்.

டிரம்மர் குச்சியை மடியில் வைத்துக்கொண்டு, கைதட்டல்களை ஒவ்வொன்றாகத் திருப்பிக் கொடுப்பவர்போல உட்கார்ந்திருந்தார். சிரிப்பை அடக்கியதில் பேஸ்காரருக்குத் தோள் குலுங்கியது.

"சரி சார், நீங்களே இருங்க. கீபோர்டெல்லாம் வேண்டாம்" என்றார் டிரம்மர் கடைசியில். "ஆனா அந்தப் பெட்டிச் சத்தத்தைக் கொஞ்சமே கொஞ்சம் குறைச்சுக்கலாமா?"

"அதை மட்டும் கேட்காதீங்க" என்றார் ரிஜெக்ட் சார். "மொதல்லேர்ந்து போவோமா?"

சுவரோரம் நாற்காலியில் உட்கார்ந்திருந்த மனைவி கைப்பையிலிருந்து பஞ்சை எடுத்து, பாதியைப் பக்கத்திலிருந்த அண்ணனிடம் நீட்டினாள்.