அப்பாவின் அமெரிக்கச் சோஸ்

என் அப்பாவுக்குச் சமைக்கத் தெரியாது என்பது எங்கள் சொந்தபந்தம் முழுவதும் அறிந்த விஷயம். தம்பி பிறந்து அம்மா ஆஸ்பத்திரியில் இருந்தபோது அப்பா எனக்காக நூடில்ஸ் அவிக்கப் புறப்பட்டார். தண்ணீர் வற்றி, பானை கருகி, கூரையில் பூட்டியிருந்த புகைமணி அலறி, கீழ்வீட்டு ஜெர்மன்காரி தீயணைப்புப் படையைக் கூப்பிட்டுவிட்டார். தலைக்கவசம் போட்ட இரண்டு பேர் குசினிக்குள் வந்து, கருகிய நூடில்ஸைப் பார்த்துவிட்டு, அப்பாவின் தோளில் தட்டிவிட்டுப் போனார்கள். இந்தக் கதை எங்கள் வீட்டுப் பிறந்தநாள் விழாக்களில் கேக்குக்கு முன்பே பரிமாறப்படும். அப்பாவும் சேர்ந்து சிரிப்பார். சமைக்கத் தெரியாமல் இருப்பது ஆண்பிள்ளைக்கு ஒரு பட்டம் மாதிரி என்று அவர் நினைத்திருக்க வேண்டும்.

இத்தனைக்கும் அவர் வேலை செய்தது ஒரு சமையல்கூடத்தில். பிராங்பேர்ட் விமான நிலையத்துக்குப் பக்கத்தில், விமானங்களுக்குச் சாப்பாடு கட்டி அனுப்பும் இடம். அப்பா அங்கே அடுப்புப் பக்கம் போவதில்லை. மூடிய தட்டுகளை வண்டிகளில் அடுக்கி ஏற்றுவதுதான் அவருடைய வேலை. பாதி உலகத்துக்குச் சாப்பாடு ஏற்றி அனுப்பிவிட்டு வீட்டுக்கு வந்து, சப்பாத்தைக் கழற்றும் முன்பே "தேத்தண்ணி இருக்கோ?" என்று அம்மாவைக் கேட்பார்.

அப்படிப்பட்ட மனிதர் ஒரு சனிக்கிழமை மத்தியானம் இரண்டு கை நிறையப் பைகளோடு வந்தார். நான் அப்போது மூன்றாம் வகுப்பு. அம்மா ஒரு முதியோர் இல்லத்தில் வேலை செய்தார், வாரக்கடைசி முறை வந்தால் சனி, ஞாயிறு வீட்டில் இருக்கமாட்டார். வழக்கமாக அந்த நாட்களில் அம்மா வைத்துவிட்டுப் போன கறிகளைச் சூடாக்கிச் சாப்பிடுவோம். அன்று அப்பா பையிலிருந்து தலையும் முள்ளும் இல்லாத வெள்ளை மீன் துண்டுகள், இறால், பச்சை பப்ரிக்கா மிளகாய், நீளநீளமான செலரித் தண்டுகள் எல்லாவற்றையும் எடுத்து மேசையில் பரப்பினார். "இண்டைக்கு அப்பா அமெரிக்கச் சாப்பாடு செய்யப்போறன்" என்றார். நான் முதல் வேலையாகப் போய்த் தம்பியைக் குசினிக்கு வெளியே உட்கார வைத்தேன்.

ஆனால் அன்று எதுவும் கருகவில்லை. அப்பா தாச்சியில் வெண்ணெயை உருக்கி, கோதுமை மாவைக் கொட்டி, மெல்லிய நெருப்பில் கிண்டத் தொடங்கினார். கிண்டினார், கிண்டினார், கிண்டிக்கொண்டே இருந்தார். மா வெள்ளையிலிருந்து மஞ்சளாகி, வறுத்த கச்சான் கடலையின் நிறத்துக்கு வந்தது. கதவு மணி அடித்தபோது கூட அவர் அசையவில்லை. "இதை விட்டிட்டு அங்கால இங்கால போக ஏலாது, பிள்ளை. ஒரு கறுப்புப் பொட்டு விழுந்தாலும் முழுக்கக் கொட்டவேணும்" என்றார். பிறகு வெங்காயம், செலரி, பப்ரிக்கா, உள்ளிப் பூண்டு. அதற்குப் பிறகு தக்காளி, ஏதோ காய்ந்த இலை, மிளகாய்த்தூள், இறால் ஓடு அவித்த தண்ணீர். தக்காளி போட்டால் அது கிரியோல், போடாவிட்டால் கேஜன், இரண்டும் அமெரிக்காவின் லூசியானாவில் கடற்கரையோரச் சனங்கள் சாப்பிடுவது என்று எனக்குப் பாடமும் எடுத்தார். பொரித்த மீனின் மேல் அந்தச் சோஸை ஊற்றிச் சோற்றோடு தந்தார்.

உண்மையைச் சொன்னால் என்ன, அது அமிர்தமாக இருந்தது. முள்ளுக்குப் பயந்து மீன் என்றாலே வாயைப் பொத்திக்கொள்ளும் தம்பி கூட இரண்டாந்தரம் கேட்டான். அம்மா மீன்குழம்பு வைக்கும் நாட்களில் மணம் தாங்கவில்லை என்று முறைப்பாடு சொல்லும் கீழ்வீட்டுக்காரி, அன்று படியில் அப்பாவைக் கண்டு "லெக்கர், லெக்கர்", நல்ல ருசி என்று மூக்கை உறிஞ்சிக் காட்டினாராம். அதை அப்பா வந்து பெருமையாகச் சொன்னார். வேலை முடிந்து வந்து இடுப்பு நாரி நோவோடு கதிரையில் சாய்ந்திருந்த அம்மா, சாப்பாட்டுக் கோப்பையை மடியில் வைத்துக்கொண்டு அதைக் கேட்டார்.

அம்மாவுக்கு அன்று கோபம் ஒன்றும் இல்லை. மாறாக, தலைகால் புரியாத சந்தோசம்.

"ஆர் உங்களுக்குப் பழக்கினது?" என்று கேட்டார்.

"ஆர் பழக்கிறது? எல்லாம் யூடியூப்தான்."

அம்மா அதை அப்படியே நம்பினார். நம்பியதோடு நிற்கவில்லை, ஊர் முழுக்கச் சொன்னார். அந்த வருடம் ஜெர்மனியிலேயே பெரிய கோயிலான ஊன்ட்றொப் அம்மன் கோயில் தேருக்குப் போனபோது, கால்வாய்க் கரையில் வரிசையாக நின்ற கடைகளுக்கிடையே சந்தித்த ஒவ்வொருத்தியிடமும், "இவர் இப்ப சனிக்கிழமையில நல்ல வடிவாச் சமைக்கிறார். நான் வேலையால வந்து கையைக் கழுவிப்போட்டு இருக்க வேண்டியதுதான்" என்றார். அப்பாவின் அக்கா, என் மாமி, தன் புருசனைத் திரும்பி ஒரு பார்வை பார்த்துவிட்டு, "உனக்குக் குடுத்து வச்சிருக்கு" என்று பெருமூச்சு விட்டார். அம்மாவின் முகத்தைப் பார்க்க வேண்டுமே! கல்யாணம் செய்து வந்த நாள் முதல் கிடைக்காத ஒன்று கிடைத்துவிட்டதுபோல அப்படி ஒரு வெளிச்சம்.

தேர் முடிந்து சில கிழமைக்குப் பிறகு அம்மாவுக்கு வேலைமுறை விழுந்த ஒரு சனிக்கிழமையில் லீவு கிடைத்தது. அப்பா சமைப்பதை அம்மா கண்ணால் பார்க்கப்போவது அதுதான் முதல் தடவை. குசினி வாசலில் கதிரையைப் போட்டு அமர்ந்து, மாமிக்கு அனுப்பவென்று கைத்தொலைபேசியில் படம் பிடித்துக்கொண்டிருந்தார். "மச்சாள், உங்கட தம்பியைப் பாருங்கோ" என்று இடையிடையே அதற்குள் பேசவும் செய்தார்.

அப்பா உற்சாகமாக இருந்தார். துவாயை இடது தோளில் மடித்துப் போட்டிருந்தார். இடுப்பை அடுப்பு மேசையில் சாய்த்துக்கொண்டு ஒரு கையால் கிண்டினார். சோஸ் கொதித்து வந்ததும் கரண்டியால் ஒரு துளியை மணிக்கட்டில் விட்டு நக்கிப் பார்த்தார். எங்கள் வீட்டில் உப்புப் பார்ப்பதென்றால் உள்ளங்கையில்தான் விடுவோம். பிறகு இன்னொரு கரண்டியில் கொஞ்சம் எடுத்து, மூன்று தரம் ஊதி, சிந்தாமல் கீழே மற்றக் கையைக் குழித்துப் பிடித்தபடி, அம்மாவின் வாயருகே கொண்டுபோனார்.

"ஆ காட்டும். ஊதிட்டன், சுடாது."

அப்பா அம்மாவுக்கு ஊட்டியதை நான் அதற்கு முன் பார்த்ததே இல்லை. எனக்கு வெட்கமும் சிரிப்புமாக வந்தது. அம்மா வாயைத் திறந்தார், விழுங்கினார். கைத்தொலைபேசி பிடித்த கை மெல்ல மடிக்கு இறங்கியது.

"நல்லா இருக்கு" என்றார். கொஞ்ச நேரம் அப்பாவின் தோளையே பார்த்துக்கொண்டிருந்தார். "துவாயத் தோளில போடுறதும் யூடியூப்பில பழகினதோ?"

அப்பா சிரித்தார். "வேலையில எல்லாரும் அப்பிடித்தானே போடுறவை."

"வேலையில வாயில ஊட்டியும் விடுறவையோ?"

நான் பெரிதாகச் சிரித்தேன். அம்மா பகிடி விடுகிறார் என்று நினைத்தேன். மற்ற இரண்டு பேரும் சிரிக்கவில்லை. அப்பா திரும்பி நின்று ஏற்கெனவே நன்றாகக் கலந்திருந்த சோஸை மறுபடி கலக்கினார்.

அந்தக் கரண்டியில் அம்மா எதைக் கண்டார் என்று இப்போது நான் சொல்லிவிடுகிறேன், மறைத்து வைக்க அதில் ஒரு மண்ணும் இல்லை. அப்பாவோடு அதே இடத்தில் வேலை செய்தவள் ஒருத்தி. லூசியானாக்காரி. அமெரிக்க இராணுவத்தில் இருந்த புருசனோடு ஜெர்மனிக்கு வந்து, அவனை விட்டுப் பிரிந்த பிறகும் இங்கேயே தங்கிவிட்டவள். அவளுடைய குசினியில், அவளுடைய அடுப்பில், அவள் ஊட்டி ஊட்டித்தான் அப்பா அந்தச் சோஸைப் பழகினார். அவளுக்கு மரியாதை போட்டு எழுத என் கை இன்னும் வரவில்லை. அவள் கெட்டவள் இல்லை என்பதுதான் இதில் பெரிய தொல்லை. என் பிறந்தநாளை அப்பா மறந்தாலும் அவள் மறப்பதில்லை.

அதற்குப் பிறகு அப்பாவுக்கு ஓவர்டைம் கூடியது. சில இரவுகள் வீட்டுக்கே வரவில்லை, கடைசி ரயில் போய்விட்டது என்றார். அம்மா சண்டை பிடிக்கவில்லை. மாமியிடமும் மூச்சு விடவில்லை. எப்படி விடுவார்? கோயிலில் ஒருத்தி விடாமல் சொல்லிவைத்த பெருமை அல்லவா அது. அதற்குப் பதிலாக, ஒருநாள் நான் பள்ளிக்கூடத்தால் வந்தபோது மேசையில் செலரி இருந்தது.

"அப்பா என்ன முதல் போடுறவர்? வடிவா யோசிச்சுச் சொல்லு" என்றார் அம்மா.

எனக்குச் சந்தோசப் புளுகம் தாங்கவில்லை. அம்மாவுக்கே நான் ரீச்சர்! வெண்ணெய், பிறகு மா, நெருப்பைக் குறையுங்கோ, கிண்டுங்கோ, நிற்பாட்டாதேங்கோ என்று பக்கத்தில் நின்று அதிகாரம் பண்ணினேன். முதல் தரம் கருகியது. அடுத்த தரம் மா கட்டிபட்டது. பிறகொரு நாள் பழக்கதோசத்தில் கறித்தூளைப் போட்டுவிட்டு, ஒரு வார்த்தை பேசாமல் முழுவதையும் கழிவறையில் கொட்டித் தண்ணீர் இழுத்துவிட்டார். சாப்பாட்டைக் கொட்டினால் எங்களுக்கு ஏச்சு விழும் வீடு அது. ஜெர்மன் மொழிச் சோதனைக்கு இரவிரவாகப் படித்தபோது இருந்த அதே முகத்தோடு அம்மா மறுபடி வெண்ணெயை எடுத்தார்.

"ஏனம்மா நீங்கள் இதைப் பழகிறியள்? அப்பாதானே செய்வார்."

"அப்பாவுக்கு விருப்பமான சாப்பாடெண்டால் எனக்கும் தெரியவேணும்தானே."

ஒரு சோஸுக்காகப் போன மனிதனை ஒரு சோஸால் திருப்பிவிடலாம் என்று அவர் கணக்குப் போட்டிருக்கிறார். எனக்கு அதைக் கேலி செய்ய மனம் வரவில்லை. அவருக்குத் தெரிந்த ஒரே இடத்தில், தன் குசினியில், நின்று போராடினார். வேறு எங்கே போய் நிற்பார்?

ஒரு ஞாயிற்றுக்கிழமை அப்பா வீட்டில் இருந்தார். அம்மா காலையிலேயே தலைக்குக் குளித்து, கோயிலுக்குக் கட்டும் சேலை ஒன்றைக் கட்டிக்கொண்டு சமைத்தார். மேசையில் நல்ல கோப்பைகள் வைத்தார். நாங்கள் நான்கு பேரும் அமர்ந்தோம். அம்மா மீனை அப்பாவின் கோப்பையில் வைத்து, சோஸை ஊற்றினார். நிறம் அச்சொட்டாக அதே நிறம். மணமும் அதே மணம்.

அப்பா ஒரு வாய் சாப்பிட்டார். இன்னொரு வாய் எடுத்தவர் அப்படியே நிறுத்தினார்.

"எப்பிடி இருக்கு?" என்று அம்மா கேட்டார்.

"நல்லா இருக்கு."

"சரியா வந்திருக்குத்தானே?" அம்மாவின் குரல் கெஞ்சுவதுபோல இருந்தது. "அப்ப இதுக்காக அங்க போகத் தேவையில்லை. இனி இஞ்சயே கிடைக்கும்."

அப்பா கோப்பையைப் பார்த்தபடி இருந்தார். இது அப்பாவின் சோஸுக்கும் அம்மாவின் சோஸுக்கும் நடக்கும் போட்டி என்றும், தீர்ப்புச் சொல்ல ஆள் இல்லாமல்தான் எல்லாரும் முழிக்கிறார்கள் என்றும் நினைத்தேன். அம்மா அத்தனை பாடுபட்டதை நான் ஒருத்திதானே பார்த்திருந்தேன்.

"அம்மான்ர சோஸ்தான் நல்லம்!" என்று கத்தினேன். "அப்பா, நீங்கள் தோத்துட்டியள்!"

அப்பா எழுந்தார். "நீர் இதைப் பழகியிருக்க வேண்டாம்" என்று அம்மாவிடம் தாழ்ந்த குரலில் சொன்னார். குழாயில் கையைக் கழுவினார். ஜாக்கெட்டை எடுத்துப் போட்டுக்கொண்டு, சப்பாத்தின் குதிக்காலை மிதித்தபடியே வெளியே போனார். கதவு சாத்தியது.

தோற்றுப்போன கோபத்தில்தான் போகிறார் என்று எனக்குத் தோன்றியது. விளையாட்டில் தோற்றால் தம்பி அப்படித்தான் எழுந்து போவான், கொஞ்சம் புகழ்ந்தால் திரும்பி வந்துவிடுவான். நான் கதவைத் திறந்துகொண்டு வெறுங்காலோடு படிக்கட்டுக்கு ஓடினேன். அப்பா இரண்டு மாடி கீழே போய்விட்டிருந்தார். கைப்பிடிக் கம்பியில் தொங்கியபடி என் பலமெல்லாம் சேர்த்துக் கத்தினேன்.

"அப்பா, கோவிக்காதேங்கோ! உங்கட சோஸ்தான் நல்லம்! அம்மான்ரயை விட உங்கட தான் நல்லம்!"

கீழே காலடிச் சத்தம் நின்றதுபோல இருந்தது. பிறகு தெருக்கதவு திறந்து மூடியது. அவர் உடுப்புகளை எடுக்க வந்ததைத் தவிர, அந்த வீட்டுக்குத் திரும்பி வரவேயில்லை.

நான் திரும்பினேன். எனக்குப் பின்னால் அம்மா நின்றிருந்தார். அதற்கு முன்பும் சரி, பின்பும் சரி, என் மேல் கை வைக்காத அம்மா, அன்று கழுவாத கையாலேயே என் கன்னத்தில் அறைந்தார். பிறகு அந்தப் படியிலேயே, நல்ல சேலையோடு குந்தி இருந்துவிட்டார். அப்பாவின் பக்கம் பேசியதற்குத்தான் அடி என்று நினைத்து, நான் பல நாள் அம்மாவோடு கதைக்கவில்லை. நல்லம், நல்லம் என்று நான் அந்தப் படிக்கட்டு முழுக்கக் கேட்கக் கத்தியது யாருடைய சமையலை என்று எனக்கு அன்று தெரியாது. அம்மாவுக்குத் தெரியும்.