கல் என்றால் நேற்று

அந்த வீடியோ கேசட்டின் கடைசிப் பத்து நிமிடத்தில் மட்டும் திரையெங்கும் வெள்ளைக் கோடுகள் ஓடும். ஊரே அந்தப் பத்து நிமிடத்தைத் திரும்பத் திரும்ப ஓட்டிப் பார்த்ததில் டேப் தேய்ந்து போயிருந்தது. போர்ட் பிளேருக்கு வடக்கே கடல் நடுவில் இருக்கும் எங்கள் லாங் ஐலண்ட் தீவில் அப்போதெல்லாம் ஞாயிற்றுக்கிழமை மதியம் பொதுக் கட்டிடத்தில் ஒரு மேசைமேல் டி.வி.யை ஏற்றி வைத்துப் படம் போடுவார்கள். தமிழ்ப் படம் வருவது அபூர்வம். வந்த இந்த ஒன்றோ, பள்ளிக்கூடம்கூட முடிக்காத ஒரு பையனும் பெண்ணும் காதலித்து, இரண்டு வீட்டிலும் உதை வாங்கி, ரயில் நிலையத்தில் சந்தித்து ஓடிப்போவதாகப் பேசி வைத்துக்கொள்ளும் கதை. அவள் வருவதற்குள் ரயில் கிளம்பிவிடும். மழை கொட்டும். செருப்பு அறுந்துபோகும். தண்டவாளத்தின் ஓரமாக ஓடிவருகிறவளின் வாயிலிருந்து ரத்தம் வரும். எதற்காக ரத்தம் வருகிறது என்று இன்றுவரை எனக்குப் புரிந்ததில்லை. அவன் ஓடும் ரயிலிலிருந்து குதிப்பான். இருவரும் தவழ்ந்து வந்து விரலோடு விரல் சேரும்போது இரண்டு உயிரும் ஒன்றாகப் போகும். அக்கம்பக்கத்தில் கோயிலே இருக்காது, ஆனால் மணி மட்டும் அடிக்கும்.

ரயிலைக் கண்ணால் பார்த்திராத எங்களுக்கு அப்போதே ஒரு சந்தேகம் இருந்தது. இன்றைய போட் போய்விட்டால் நாளைய போட்டில் போவதுதானே, இதற்குப் போய் யாராவது சாவார்களா? ஆனால் வாயைத் திறக்க முடியாது. தமிழே தெரியாத வங்காளிப் பெண்களும் தெலுங்குப் பெண்களும்கூட முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டு விசும்புவார்கள். அவர்கள் எல்லோரையும்விட அதிகமாக அழுதது என் அத்தைதான்.

அத்தை, அப்பாவின் கடைசித் தங்கை. அம்மா காய்ச்சலில் இறந்துபோன வருடம், வீட்டைப் பார்த்துக்கொள்ள ராமநாதபுரத்திலிருந்து கப்பலில் வந்து இறங்கினாள். அப்போது அவளுக்குப் பத்தொன்பது வயது, எனக்குப் பத்து. அப்பா மரம் அறுக்கும் மில்லில் வேலை பார்த்தார். சமைப்பது, துவைப்பது, எனக்குத் தலைபின்னி விடுவது எல்லாம் அத்தை. ஹிந்தி மட்டும் அவளுக்கு ஒரு சொல்லும் வராது. கடைக்குப் போனாலும், ஆஸ்பத்திரிக்குப் போனாலும், பக்கத்து வீட்டு வங்காளிப் பெண்ணோடு சண்டை போட்டாலும் மொழிபெயர்க்க நான் கூடவே நிற்க வேண்டும். அதில் எனக்குக் கொஞ்சம் தலைக்கனம் உண்டு.

படம் முடிந்து வீட்டுக்கு நடக்கும்போது அத்தைக்கு அழுகை அடங்கிக் கோபம் வந்துவிடும். "கிறுக்குச் சிறுக்கி! நானா இருந்தா மொதநாளே போயி டேசன்ல உக்காந்திருப்பேன். நேரங்கழிச்சு வந்துட்டு என்னத்துக்கு ஓடுறா?" என்பாள். அப்பா சிரிப்பார். அடுத்த ஞாயிறும் முதல் ஆளாகப் போய் உட்கார்ந்து, அதே இடத்தில் அதே அழுகை அழுவாள்.

அந்தக் கேசட்டைப் பக்கத்துத் தீவிலுள்ள ரங்கத்திலிருந்து கொண்டுவந்தது போட்டு அண்ணன். தினமும் சாயங்காலம் வந்து, இரவு தங்கி, காலை ஆறு மணிக்குத் திரும்பும் போட்டில் கயிறு கட்டும் வேலை அவருக்கு. வங்காளி. அத்தைக்கு வேண்டிய நூல்கண்டு, ஊசி, கொண்டை ஊசி எல்லாம் அவர்தான் வாங்கிவந்து போட் வந்து நிற்கும் ஜெட்டியில் உள்ள டீக்கடையில் கொடுத்து வைப்பார். நூல்கண்டில் தொடங்கியதுதான் எல்லாம். அவர்கள் பேசிக்கொண்ட நாலைந்து தடவையும் நடுவில் நான் நின்று, அவர் ஹிந்தியைத் தமிழாக்கி, அத்தையின் தமிழை ஹிந்தியாக்கிச் சொல்லியிருக்கிறேன். கடைசியாக அவர் சொன்னது நினைவிருக்கிறது. மெயின்லேண்டில் பெரிய கப்பலில் வேலை கிடைத்திருக்கிறது, இந்த வாரத்தில் ஒருநாள் கிளம்ப வேண்டும், நாள் தெரிந்ததும் எழுதி வைக்கிறேன், வந்தால் போர்ட் பிளேரில் கல்யாணம், வராவிட்டால் உனக்கு இஷ்டமில்லை என்று எடுத்துக்கொண்டு பேசாமல் போய்விடுவேன், உன் அண்ணனிடம் உனக்குக் கெட்ட பேர் வாங்கித் தரமாட்டேன். நான் அதை ஒரு சொல் விடாமல் தமிழில் சொன்னேன். அத்தை தலையை மட்டும் ஆட்டினாள். அன்றிலிருந்து எனக்குச் சோறு இறங்கவில்லை.

இரண்டு நாள் கழித்து டீக்கடையில் பொட்டலம் இருந்தது. கடைக்காரர் வெளியே போயிருந்தார், எப்போது வந்த பொட்டலம் என்று கேட்க ஆளில்லை. வீட்டுக்குக் கொண்டுவந்து பிரித்தால் நூல்கண்டுக்குள் ஒரு துண்டுச் சீட்டு. ஹிந்தியில் நான்கே சொல். நான் எழுத்துக்கூட்டிப் படித்தேன். "கல் சுபஹ். போட். ஜெட்டி."

"கல்லா? கல்லு எதுக்குடி?" என்றாள் அத்தை.

"கல்லு இல்ல அத்தை. கல்னா நேத்து. நேத்துக் காலையில, போட், ஜெட்டி."

ஹிந்தியில் நேற்றுக்கும் கல், நாளைக்கும் கல். பின்னால் வரும் வினைச்சொல்லை வைத்துத்தான் எது என்று தெரியும். அந்தச் சீட்டில் வினைச்சொல்லே இல்லை. இரண்டு பொருளும் எனக்குத் தெரியும், பள்ளியில் அதற்காகப் பிரம்படியே வாங்கியிருக்கிறேன். ஆனாலும் 'நேற்று' என்றுதான் வாயில் வந்தது. வாய் தவறி வந்ததா, மனம் அப்படித் தள்ளியதா என்று எத்தனையோ முறை என்னையே கேட்டுப் பார்த்துவிட்டேன்.

அத்தை ஒரு கேள்விகூடக் கேட்கவில்லை. அந்தப் படத்தை அத்தனை முறை பார்த்தவளுக்கு, காதலித்தவள் நேரங்கழித்துத்தான் போவாள், ரயில் போயிருக்கத்தான் செய்யும் என்று மனதில் பதிந்து கிடந்தது போலும். "படத்துல வர்ற மாதிரியே ஆயிருச்சு பாத்தியா" என்று சொல்லிவிட்டுச் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துவிட்டாள். தலைவலி என்று அப்பாவிடம் நான்தான் சொன்னேன். கையில் முழுசாக ஒரு ராத்திரி மிச்சமிருந்தது அவளுக்கு. அது தெரியாமலே அழுதுகொண்டிருந்தாள்.

மறுநாள் காலை ரொட்டி வாங்க நான்தான் ஜெட்டிக்குப் போனேன். போட்டு அண்ணன் அங்கே நின்றிருந்தார். காலடியில் தகரப் பெட்டி. எல்லோரும் கடலைப் பார்த்து நிற்க, அவர் மட்டும் எங்கள் வீட்டிலிருந்து வரும் பாதையைப் பார்த்து நின்றார். அடுக்கி வைத்திருந்த மரங்களுக்குப் பின்னால் நான் ஒளிந்துகொண்டேன். வீட்டுக்கு ஓடினால் நாலு நிமிடம். போட் கிளம்பப் பத்து நிமிடத்துக்கு மேல் இருந்தது. நான் ஓடவில்லை. அம்மா போய் ஒரு வருடம்தான் ஆகியிருந்தது, இவளும் போய்விட்டால் எனக்கு யார் என்ற ஒன்றைத் தவிர வேறெதுவும் தோன்றவில்லை. அந்த வயதுக்கு அது பெரிய காரணம்தான். ஆனால் சீட்டைத் தப்பாகப் படித்ததை வேண்டுமானால் பிழை என்று சொல்லிக்கொள்ளலாம், இதைச் சொல்லிக்கொள்ள முடியாது. ஹாரன் அடித்தது. அவர் பெட்டியைத் தூக்கிக்கொண்டு ஏறினார். கயிற்றை அவிழ்த்தார்கள். ரொட்டி வாங்கிக்கொண்டு வீட்டுக்குப் போனேன். அத்தை எழுந்து, கண் வீங்கியபடியே எனக்குத் தலைபின்னி விட்டாள்.

அடுத்த வருடம் அத்தைக்குப் போர்ட் பிளேரில் கல்யாணம் ஆயிற்று. மாமா தங்கமான மனிதர். இரண்டு மகன்கள், அங்கேயே புரோத்ராபூரில் சொந்த வீடு. மாமா காலமாகி நான்கு வருடமாகிறது. மகன்கள் இருவரும் மெயின்லேண்டில். அத்தை இப்போது காய்கறிக்காரனிடம் பேரம் பேசும் ஹிந்தியைக் கேட்டால், ஒரு காலத்தில் இவளுக்கு நான் துபாஷி என்று யாரும் நம்பமாட்டார்கள்.

சென்ற மாதம் ஒரு ஞாயிறு மதியம் அத்தை வீட்டில் இருந்தபோது டி.வி.யில் அதே படம் வந்தது. வெள்ளைக் கோடுகள் இல்லாமல், பளிச்சென்று. மழை, செருப்பு, ரத்தம், மணி, எல்லாம் வைத்தது வைத்தபடி இருந்தன. எனக்குச் சிரிப்பு வந்தது. அத்தை அழவில்லை. "இவளாவது ஓடி வந்தா" என்று மட்டும் சொன்னாள்.

அதற்குமேல் என்னால் இருக்க முடியவில்லை. "அத்தை, அந்தச் சீட்டுல இருந்த கல்..." என்று தொடங்கினேன்.

"அடுத்த மாசமே தெரிஞ்சுபோச்சு" என்றாள் அத்தை. "ரேசன் கடைக்காரன் அரிசி இல்ல, 'கல் ஆனா'ன்னான். நேத்துக்கு எப்படிடா நான் வாரதுன்னு அங்கனயே நின்னேன். பக்கத்துல நின்னவ சிரிச்சுட்டு, நாளைக்கு வரச் சொல்றான்னா. நீ சின்னப்புள்ள, தெரியாமச் சொல்லிட்டே. அதுக்கு உன்னைய என்ன செய்ய?" டி.வி.யின் சத்தத்தைக் குறைத்தாள். "ஒண்ணு மட்டுந்தான் இன்னவரைக்கும் தெரியல. அவன் மறுநா வந்து நின்னானா, இல்ல அவனும் வராமயே போயிட்டானான்னு. யாருகிட்டப் போயிக் கேக்க?"

தெரியாது என்று சொல்லியிருக்கலாம். முப்பது வருடத்துக்கு மேல் அதைத்தானே சொல்லாமல் சொல்லிக்கொண்டிருந்தேன்.

"வந்தாரு அத்தை. நான் பாத்தேன்."

அத்தை என் முகத்தைப் பார்த்தாள். திட்டுவாள், அடிப்பாள் என்றுகூட நினைத்தேன். அடித்திருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

"என்ன சட்டை போட்டிருந்தான்?"

"வெள்ளைச் சட்டை. புதுசு. மடிப்புக்கூடக் கலையல."

அத்தை டி.வி.யை அணைத்தாள். எழுந்து உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். சாயங்கால பஸ் வரும்வரை கூடத்தில் உட்கார்ந்திருந்தேன். பிறகு கதவருகே நின்று, "போயிட்டு வரேன் அத்தை" என்றேன். பஸ்ஸுக்கு நடந்தேன்.

ஞாயிறு தவறாமல் போன் செய்கிறவள், அதன்பிறகு செய்யவில்லை. நேற்று நான் கூப்பிட்டேன், எடுக்கவில்லை. நாளை மறுபடியும் கூப்பிட வேண்டும்.