கரைக்காரன் வேலை

யுத்த காலத்துக் கொழும்பில் மூன்று பேர் சிங்கி இறால் பிடிக்கப் போனால் இரண்டு பேர்தான் கடலில் இறங்கலாம். இது எந்தச் சட்டத்திலும் இல்லை. நாங்களே வைத்துக்கொண்ட ஒழுங்கு. வெள்ளவத்தையில் ரயில் பாதையைத் தாண்டிக் கடலோரக் கற்களுக்கு வந்ததும், இறங்குகிறவர்கள் உடுப்பையும் அடையாள அட்டையையும் மூன்றாமவனிடம் கொடுப்பார்கள். பொலிஸ் வந்து தண்ணீருக்குள் யார் என்று கேட்டால், அந்தத் தலை இந்த அட்டை, இந்தத் தலை அந்த அட்டை என்று அவன் விளங்கப்படுத்த வேண்டும். முகக் கண்ணாடியும் இரும்புக் கம்பியுமாகக் கடலுக்குள்ளிருந்து எழும்பி வருகிற தமிழனுக்கு அந்த நாட்களில் ஒரு முன்னுரை தேவைப்பட்டது.

இரண்டு வருடமாக, கடல் அடங்கியிருக்கும் மாதங்களின் ஞாயிறு காலைகளில், அந்த முன்னுரை நான்தான்.

இறங்குகிறவர்களில் முதலாமவன் கொட்டாஞ்சேனைக்காரன். ஒருகொடவத்தையில் கொன்டெய்னர் யார்டில் வேலை. மீன் குத்தும் கம்பியை அவனே செய்திருந்தான்: ஒரு முனையைக் கூராக்கி, மறுமுனையில் மோட்டார் சைக்கிள் டியூப் ரப்பரைக் கட்டியது. கடையில் மீன் சுடும் துவக்கு விற்றார்கள். ஆனால் துவக்கு என்ற சொல்லை எந்த மொழியிலும் பொலிஸுக்கு முன்னால் உச்சரிக்க நான் தயாராக இல்லை. இரண்டாமவன் காலி வீதியில் மூக்குக்கண்ணாடிக் கடை வைத்திருந்த முஸ்லிம் நண்பன்.

என் அட்டையில் பிறந்த இடம் யாழ்ப்பாணம் என்று இருக்கிறது. யாழ்ப்பாணத்தில் பிறந்தவனுக்குக் கடல் தண்ணீர் பட்ட பாடு என்று கொழும்பில் ஒரு நம்பிக்கை. பொலிஸுக்கும் அது இருந்தது, என் நண்பர்களுக்கும் இருந்தது. திருத்தச் சந்தர்ப்பம் கிடைக்கவில்லை என்று சொன்னால் பொய். நான் நீந்திய ஒரே இடம் எங்கள் தோட்டக் கிணறு. ஆறு தரம் கை வீசினால் சுவர் வரும், பிடித்துக்கொண்டு இளைப்பாறலாம். அதற்கு மேல் நீந்த எனக்கு ஒருபோதும் அவசியம் வரவில்லை.

"நான் கரையில நிக்கிறன், நீங்க ரெண்டு பேரும் போங்கோ. பொலிஸோட சிங்களத்தில கதைக்க ஒரு ஆள் வேணும்தானே" என்று முதல் நாளே சொல்லிவிட்டேன். அவர்கள் அதைத் தியாகம் என்று எடுத்துக்கொண்டார்கள். கொட்டாஞ்சேனைக்காரனின் மனைவி செவ்வாய்க்கிழமைகளில் கொச்சிக்கடை அந்தோனியாருக்கு என் பெயரில் ஒரு மெழுகுதிரி கொளுத்தினாள். காலைச் சாப்பாட்டுக்குப் பாணும் கட்டைச் சம்பலும் எனக்கென்று தனிப் பார்சலாக வரும். பிடிபட்டதில் பெரிய சிங்கி இறால் என் பங்கு. வெட்கம் வயிற்றுக்குள் இறங்காது என்பதை அப்போது அறிந்துகொண்டேன்.

ஒரு ஞாயிறு கண்ணாடிக்கடை நண்பன் காதில் பஞ்சோடு வந்தான்.

"காதுக்குள்ள மருந்து ஊத்தி ஈக்கி மச்சான். இன்டெக்கி நான் மேல ஈக்கிறேன். நீ எறங்கு."

"உன்ர சிங்களம் பொலிஸுக்குக் காணுமோ?"

"நான் சிங்கள ஸ்கூல்ல படிச்சவன்டா. ஒன்ட சிங்களந்தான் கந்தோர்க் கடிதம் மாதிரி ஈக்கி. பொலிஸ்காரன் கையொப்பம் வெச்சி ஃபைல்ல போட்டுருவான்."

"எறங்கட்டும் மச்சான்," என்றான் கொட்டாஞ்சேனைக்காரன். "ரெண்டு வருசமா எங்களுக்காகக் காஞ்சிகிட்டு இருக்கான், பாவம்." முகக் கண்ணாடியில் துப்பி, விரலால் தேய்த்து, அலசி, தன் கையாலேயே எனக்கு மாட்டிவிட்டான்.

எனக்கு நீந்தத் தெரியாது என்று அப்போது சொல்லியிருக்கலாம். மூன்று சொல். அலுவலகத்தில் ஒரு மேசை விளக்கு கேட்பதற்கு அதைவிட நீளமாக எழுதியிருக்கிறேன்.

கற்களைப் பிடித்துப் பிடித்து நெஞ்சளவு தண்ணீர் வரை போனோம். அவன் என் தலையை மெல்ல அமுக்கி ஓர் இடுக்கைக் காட்டினான். உள்ளேயிருந்து இரண்டு நீண்ட மீசைகள் வெளியே நீட்டி, யாரோ ஒருவர் கதவு இடுக்கால் பார்ப்பதுபோல அசைந்தன. கடலுக்கடியில் சோதனைச் சாவடி இல்லை என்று இந்த இடத்தில் நல்ல வசனம் ஒன்று எழுதலாம். அன்று எனக்கு அப்படி எதுவும் தோன்றவில்லை. மூச்சு முட்டியது, அவ்வளவுதான். அடிப்பக்கமாகப் பிடி என்று அவன் சொல்லித் தந்ததை மறந்து நுனியைப் பிடித்து இழுத்தேன். மீசை முறிந்து கையோடு வந்தது. அதைப் பார்த்துக்கொண்டிருக்கையில் ஓர் அலை என்னைக் கல்லிலிருந்து கழற்றிக் கொண்டுபோனது.

ஆறு தரம் கை வீசினேன். ஏழாவது தரம் கை தானாகச் சுவரைத் தேடியது. சுவர் இல்லை.

முதலில் நான் விளையாடுகிறேன் என்று கொட்டாஞ்சேனைக்காரன் நினைத்தானாம். பிறகு கம்பியைக் கைவிட்டு வந்து, நாடியின் கீழ் கை கொடுத்து முகத்தைத் தூக்கிக் கரைக்கு இழுத்துக்கொண்டு போனான். கம்பி கடலோடு போய்விட்டது.

கரையில் இரண்டு பொலிஸ்காரர்கள். ஒருவரின் கையில் என் அட்டை. யாழ்ப்பாணத்தில் பிறந்தவனுக்குக் கொழும்புக் கடலுக்குள் என்ன வேலை என்று அவர் கேட்க, கண்ணாடிக்கடை நண்பன் தன் நல்ல சிங்களம் முழுவதையும் செலவழித்துக்கொண்டிருந்தான். நான் முழங்காலில் தவழ்ந்து ஏறி, அவருடைய சப்பாத்துக்கு ஒரு சாண் தள்ளி வாந்தி எடுத்தேன். அவர் அட்டையைப் பார்த்தார், என்னைப் பார்த்தார்.

"மெயாட்ட பீனன்ன பேனே," என்றார் மற்றவரிடம். இவருக்கு நீந்தத் தெரியாதே.

மற்றவர் சிரித்தார். அட்டை திரும்பி வந்தது. நான் கடல்வழியாக நாசம் செய்ய வந்தவன் அல்ல என்பதை இவ்வளவு ஐயமின்றி வேறெந்தப் பத்திரமும் நிறுவியதில்லை. அவர்கள் ரயில் பாதையோடு நடந்து போனார்கள்.

கொட்டாஞ்சேனைக்காரன் சிரிக்கவில்லை.

"அவன் சொன்னது மெய்யா?"

"ஓம்."

"ரெண்டு வருசமாவா?"

"பிறந்ததில இருந்து."

கண்ணாடிக்கடை நண்பன் சிரிக்கத் தொடங்கி, அவன் முகத்தைப் பார்த்து நிறுத்திக்கொண்டான்.

"அந்தப் பெரிய கல்லுக்கு அடில கைய முழுசா உள்ள விடுவேன், தெரியும்ல? போன மாசம் கை மாட்டிக்கிச்சு. நான் பதறல. ஏன் தெரியுமா? மேல நீ இருக்க. நான் வரலன்னா நீ குதிப்பன்னு நெனச்சேன்."

அட்டைகளைப் பார்த்துக்கொள்வதுதான் என் வேலை என்று நான் நினைத்திருந்தேன். அந்த இரண்டு வருடமும் அவன் எந்தத் துணிவில் அந்த இடுக்குகளுக்குள் போனான் என்று நான் ஒருமுறையும் கேட்டுப் பார்க்கவில்லை.

"சொல்ல வெக்கமா இருந்தது மச்சான்."

"வெக்கமா? நான் செத்திருந்தா எம் பொண்டாட்டிக்கிட்டயும் அதையா சொல்லுவ?"

ஈர உடம்பில் சேர்ட்டைப் போட்டுக்கொண்டு பஸ்ஸுக்குப் போய்விட்டான். கண்ணாடிக்கடை நண்பன் என்னை வீடுவரை கொண்டுவந்து விட்டான். வழியில் ஒரு பகிடியும் விடவில்லை. அவனைப் பொறுத்தவரை அது கடும் தண்டனை.

இரண்டு ஞாயிறு ஒரு செய்தியும் இல்லை. மூன்றாவது ஞாயிறு நான் கற்களுக்குப் போனபோது இருவரும் நின்றார்கள். கொட்டாஞ்சேனைக்காரனின் தோளில் காற்றடித்த லொறி டியூப் ஒன்று, யார்டில் பாரம் கட்டுகிற நீளக் கயிற்றோடு. பஸ்ஸில் அதற்கும் ஓர் ஆசனம் பிடித்துக்கொண்டு வந்தானாம். எனக்குப் பக்கத்தில் வைத்தான்.

"எறியத் தெரியுமா?"

"தெரியும்."

"எறிஞ்சு காட்டு."

என் வாய்ச்சொல் இனி அவனிடம் செல்லாது. எறிந்தேன். முதல் தரம் கண்ணாடிக்கடை நண்பனின் முதுகில் விழுந்தது. "கரையில நிக்கிறவனக் காப்பாத்துறியாடா?" என்று அவன் கத்தினான். இரண்டாம் தரம் கல்லில் பட்டுத் தெறித்தது. ஐந்தாம் தரம்தான் தண்ணீரில், காட்டிய இடத்துக்குக் கிட்ட விழுந்தது. கொட்டாஞ்சேனைக்காரன் கயிற்றை இழுத்துப் பார்த்து, டியூபை எனக்குப் பக்கத்தில் திரும்ப வைத்துவிட்டு இறங்கினான்.

பெரிய கல்லுக்குப் பக்கத்தில் அவன் தலை மறைந்தது. நானும் மூச்சைப் பிடித்தேன். என்னால் முடிந்தது கொஞ்சம்தான். விட்டு, இன்னொரு முறை இழுத்துப் பிடித்தேன். அதுவும் முடிந்துவிட்டது, அவன் இன்னும் வரவில்லை. கயிற்றின் நுனியைக் கையில் இரண்டு சுற்றுச் சுற்றிக்கொண்டு, டியூபைத் தூக்கியபடி எழுந்து நின்றேன்.