மூச்சு எண்ணத் தெரிஞ்ச பொண்ணு

நர்சிங்ல புதுசா சேந்திருக்கிற பொண்ணுங்களுக்கு ஊக்கமா நாலு வார்த்தை எழுதிக் குடுங்க சிஸ்டர்னு நான் படிச்ச காலேஜ்லேருந்து கேட்டிருக்காங்க. நான் போய் ஊக்கம் குடுக்கறதா! நல்ல ஆளாப் பாத்துப் புடிச்சாங்க. நர்சிங் படிச்சிக்கினு இருந்த ஒரு பொண்ணு என்னாலதான் படிப்ப வுட்டுட்டுப் போனா. அவளப் பத்தித்தான் எழுதப் போறேன். இஷ்டம்னா போடட்டும், இல்லாட்டி கிழிச்சிப் போடட்டும்.

ஒரகடம் பக்கம் ரோட்டு மேலயே ஒரு சின்ன தனியார் ஆஸ்பத்திரி. பதினோரு வருசமா அங்கதான் எனக்கு வேலை. ஆஸ்பத்திரி பேரு போடல. அவ்ளோதான் என் தைரியம். வர்றவங்கள்ல பாதிப் பேரு கம்பெனி ஆளுங்க. மெஷின்ல விரல் நசுங்கினவங்க, பைக்ல வுழுந்தவங்க, ஷிப்ட் பூரா நின்னு கால் வீங்கினவங்க. ட்ரெயினிங்குக்கு வர்ற மூணாம் வருசப் பொண்ணுங்கள எங்ககிட்டதான் வுடுவாங்க. ஒரு மழைக்காலத்துல அப்படி வந்தவங்கள்ல ஒருத்தி மணிமங்கலத்துப் பொண்ணு. அந்தக் கும்பல்லயே அவ ஒருத்திதான் மூச்ச முழுசா ஒரு நிமிசம் எண்ணுவா.

வெளிய இருக்கிறவங்களுக்கு இதுல இன்னா பெருமைன்னு தோணும். ஒவ்வொரு ஆளுக்கும் ஜுரம், நாடி, மூச்சு மூணும் பாத்து சார்ட்ல எழுதணும். ஜுரத்துக்கு தெர்மாமீட்டர் இருக்கு, நாடிக்கு விரல்ல மாட்டுற மெஷின் இருக்கு. மூச்சுக்கு ஒண்ணும் கிடையாது. வாட்ச்சப் பாத்துக்கினு நெஞ்சு ஏறி எறங்கறத எண்ணணும். பதினாலு கட்டிலுக்குப் பதினாலு நிமிசம்! யாருகிட்ட இருக்கு? நல்லா இருக்கிற ஆளுக்கு இருபதுக்குள்ளதான் வரும்னு, நாங்க பாட்டுக்கு எல்லாருக்கும் இருபதுன்னு போட்டுட்டு அடுத்த கட்டிலுக்குப் போய்டுவோம்.

அன்னிக்கு வாலாஜாபாத் பக்கத்து அம்மா ஒருத்தங்க டெங்குல படுத்திருந்தாங்க. முப்பது வயசு இருக்கும். நாலு நாள் ஜுரம், காலையிலதான் வுட்டுது. புருசனுக்கு ஒரே சந்தோசம். "சிஸ்டர், வூட்டுக்கு இட்டுனு போலாமா? பொண்ணு ஒண்டியா கீது"னு பின்னாடியே வந்தாரு. டெங்குல ஜுரம் வுடுற நாளுதான் பயப்பட வேண்டிய நாளு, அன்னிக்குத்தான் திடீர்னு பிரஷர் எறங்கும். எனக்குத் தெரியாதா? பரிச்சையில எழுதி மார்க்கு வாங்கினவதான் நான்.

ரெண்டு மணிக்கு பைக்ல அடிபட்ட ரெண்டு பேரத் தூக்கினு வந்துட்டாங்க. ஒரே ரத்தம், ஒரே கூச்சல். டாக்டர் வேற ரவுண்ட்ஸ் கெளம்பிட்டாரு. அந்த நேரம் பாத்து மணிமங்கலத்துப் பொண்ணு வந்து நிக்கறா.

"அக்கா, அந்த டெங்கு அம்மாவுக்கு மூச்சு முப்பத்தாறு வருது. ரெண்டு தபா எண்ணிட்டேன்."

"பாத்ரூம் போய்ட்டு வந்திருப்பாங்கடி."

"இல்லக்கா. படுத்துக்கினுதான் இருக்காங்க."

எனக்குச் சுர்ருனு ஏறிச்சு. "இன்னாடி, பெரிய டாக்டரா நீ? ஜுரம் வுட்டவங்களுக்கு முப்பத்தாறு எங்கேருந்து வரும்? இருபது போடு. போட்டுட்டு ஓடிப்போய் பஞ்சு எடுத்துனு வா."

என் மூஞ்சியவே பாத்தா. அப்புறம் போட்டா. இருபதுன்னு, முத்து முத்தான கையெழுத்துல.

டாக்டர் சார்ட்டப் பாத்துட்டு நாளைக்கு அனுப்பிடலாம்னாரு. அஞ்சு மணிக்கு அந்தம்மாவுக்குக் கை கால் சில்லுனு ஆயிடுச்சு. பிரஷர் கெடைக்கல. சலைன ஓடவுட்டு, ஆம்புலன்ஸ்ல ஏத்தி, பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்பினோம். மறுநாள் காலையில போய்ட்டாங்க.

எங்கள யாரும் ஒரு கேள்வி கேக்கல. சார்ட்தான் அவ்ளோ சுத்தமா இருந்துச்சே! ரெண்டு நாள் கழிச்சி அந்தம்மா வுட்டுட்டுப் போன துணிப்பைய வாங்க புருசன் வந்தாரு. "நல்லாத்தான் பாத்துக்கினீங்க சிஸ்டர், எங்க நேரம்"னு என்னப் பாத்துக் கும்புட்டாரு. அவ பக்கத்துலதான் நின்னுக்கினு இருந்தா.

அவரு போனதும் அவ சொன்னா, "காலேஜ் டியூட்டர்கிட்ட சொல்லிடலாம்கா. என்னால முடியல."

"சொல்லு. தாராளமா சொல்லு. சார்ட்ல இருக்கறது யார் கையெழுத்து? உன் படிப்பு போவும், என் வேலை போவும். அந்தம்மா எழுந்து வந்துடுமா?"

அவளக் காப்பாத்தத்தான் அப்படிச் சொன்னேன்னு இங்க எழுதிக்கலாம். பொய். என்னைத்தான் காப்பாத்திக்கினேன். பாவி. அடுத்த வாரத்துலேருந்து அவ வரல. காலேஜுக்கும் போகலன்னு மத்தப் பொண்ணுங்க சொன்னாங்க.

புதுசா வந்திருக்கிற பொண்ணுங்களே, எண்ணுங்கமா. எண்ணினதையே எழுதுங்க. எழுதினா திட்டு வாங்குவீங்க, என்ன மாதிரி ஒருத்தி எந்த வார்டுலயும் இருப்பா. நீங்களும் நாலே வருசத்துல என்ன மாதிரி ஆயிடுவீங்களோன்னுதான் எனக்குப் பயம். இதுக்கு மருந்து எனக்குத் தெரியல.

போன மாசம் அவளப் பாத்தேன். சிங்கப்பெருமாள் கோவில் ஸ்டேஷனுக்கு வெளிய, ஷேர் ஆட்டோ நிக்கிற எடத்துல. கம்பெனி கோட்டு, கழுத்துல அட்டை. அவளே வந்து "நல்லா இருக்கீங்களாக்கா"ன்னா. நான் அவ மூஞ்சியப் பாக்காம அந்த அட்டையப் பாத்துக்கினே கேட்டேன்.

"வேலை எப்படிம்மா இருக்கு?"

"கால்தான் வலிக்கும். ஆனா தப்பு பீஸு வந்தா எடுத்து வெக்க தனியா ஒரு டிரே இருக்குக்கா. எடுத்து வெச்சா சூப்பர்வைசர் திட்ட மாட்டாரு. எடுக்காம வுட்டாத்தான் திட்டுவாரு."

சிரிச்சிக்கினேதான் சொன்னா. குத்திக் காட்டுற பொண்ணும் இல்ல அவ.

"மீதிப் படிப்பயும் முடிச்சிடு கண்ணு. உன்ன மாதிரி நர்ஸு எங்க கெடைக்கும்? காலேஜ்ல நான் வந்து பேசறேன்"னேன்.

"இன்னான்னு பேசுவீங்க?"

கோவமா இல்ல, நெஜமாவே தெரிஞ்சிக்கணும்னுதான் கேட்டா. ஆட்டோவுல இன்னும் ரெண்டு ஆள் சேரணும். அது வரைக்கும் ஏறாம, என் வாயையே பாத்துக்கினு நின்னா. ஆள் சேந்துட்டாங்க, டிரைவர் ரெண்டு தபா கூப்ட்டுட்டாரு. இருபது போடச் சொன்னது நான்தான்னு ஆரம்பிக்கணும்; நான் பையில சில்லறை தேடிக்கினு இருந்தேன். "சரிக்கா, வரேன்"னுட்டு ஏறிப் போய்ட்டா.