உரிக்கக் கூடாத உருளைக்கிழங்கு

என் அக்காவை அச்சகத்தில் எல்லோரும் கத்தியக்கா என்றுதான் கூப்பிடுவார்கள். அவள் வாயை வைத்து வந்த பெயர் இல்லை, வந்திருந்தாலும் தப்பில்லை. இருபத்தாறு வருஷம் அவள் காகிதம் வெட்டும் இயந்திரத்தில் நின்றாள். காகிதக் கட்டைத் தட்டி நேராக்கி உள்ளே தள்ளிவிட்டு, இரண்டு பக்கமும் இருக்கிற பொத்தான்களை இரண்டு கையாலும் ஒரே நேரத்தில் அழுத்தினால்தான் கத்தி இறங்கும். ஒரு கை உள்ளே இருக்கும்போது தவறிப்போய் விழுந்துவிடக் கூடாதே என்று அப்படி வைத்திருக்கிறார்கள். நல்ல ஏற்பாடுதான். ஆனால் ஒரு கைதான் இருக்கிறது என்றால் அந்த இயந்திரம் யாரையும் மதிக்காது.

எட்டு மாதத்துக்கு முன்னால் ஒரு காலையில் பல் தேய்த்துக்கொண்டிருந்தவளுக்கு இடது பக்கம் இழுத்துக்கொண்டது. கால் மெல்ல வழிக்கு வந்தது. பேச்சு ஒரே வாரத்தில் திரும்பியது. முதல் வேலையாக என்னைத் திட்டினாள். கைதான் வரவில்லை. நெஞ்சுக்கு மேல் தூக்க முடியாது, விரல்கள் எதையும் பிடிக்காது.

அச்சகத்து மேலாளர் நல்ல மனுஷர். இத்தனை வருஷம் உழைச்சுட்டீங்க, வீட்டுல ஓய்வெடுங்க என்று குரலைத் தாழ்த்திச் சொன்னார். அக்கா அவர் மேஜைக்கு எதிரே நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்துவிட்டாள். "கைதான் சார் போச்சு. கண்ணு ரெண்டும் நல்லா இருக்கு. அச்சான தாள்ல கறை இருக்கான்னு பாக்க எத்தனை கை வேணும், நீங்களே சொல்லுங்க" என்றாள். மறுவாரத்திலிருந்து சரிபார்க்கும் மேஜையில் இருக்கிறாள். அவள் கண்ணுக்குத் தப்பி ஒரு மைப்புள்ளிகூட வெளியே போவதில்லை என்று கேள்வி.

மேலாளர் தோற்றுவிட்டார். நானும் என் மனைவியும்தான் தோற்க மாட்டோம் என்று நின்றோம்.

அக்கா தனி ஆள். கல்யாணப் பேச்சு வந்தபோதெல்லாம் வேண்டாம் என்று ஒரே வார்த்தையில் முடித்துவிட்டாள். இரண்டாவது மாடியில் இரண்டு அறை உள்ள சொந்த வீடு. நான் லிஃப்ட் பழுது பார்க்கிறவன். என் அக்கா இருக்கும் கட்டிடத்தில் லிஃப்ட் கிடையாது. ஆஸ்பத்திரியிலிருந்து வந்ததும் அவளை எங்கள் வீட்டில்தான் வைத்திருந்தோம். என் மனைவி அவள் கால் தரையில் படவே விடவில்லை. எல்லாவற்றையும் குழைய வேகவைத்து, மசித்து, கரண்டியும் கையுமாக எதிரில் உட்கார்ந்துவிடுவாள். இரண்டு மாதம் பொறுத்த அக்கா, ஒருநாள் நாங்கள் வேலைக்குப் போன பிறகு ஒரு பையைத் தோளில் மாட்டிக்கொண்டு தன் வீட்டுக்குக் கிளம்பிவிட்டாள்.

அதற்குப் பிறகு வாராவாரம் அதே பேச்சு. தனியாக இருக்காதே, வந்துவிடு, விழுந்தால் யார் பார்ப்பது. கடைசியில் அவளே ஒரு வழி சொன்னாள்.

"ஞாயித்துக்கிழமை ராத்திரி ரெண்டு பேரும் சாப்பிட வாங்க. நான் ஒருத்தியா சமைக்கிறேன். யார் கையும் படக் கூடாது. சரியா வரலைன்னா நானே துணியை மடிச்சு வச்சுட்டு உங்க பின்னாடி வந்துடறேன். சரியா வந்துச்சுன்னா இந்தப் பேச்சை அதோட விட்டுடணும்."

"என்னக்கா செய்யப் போற?"

"உருளைக்கிழங்கு. தோலோட சுட்டு, நடுவுல பிளந்து, வெண்ணெய் சீஸ் எல்லாம் அடைச்சு, மேல மொறுமொறுன்னு தூவி. உங்க வீட்டுல ரெண்டு மாசம் கூழாத் தின்னு எனக்குப் பல்லு இருக்கறதே மறந்துபோச்சுடா. கடிக்கிற சத்தம் என் காதுல விழணும்."

நான் தலையாட்டினேன். அவளால் முடியாது என்ற நம்பிக்கையில்தான் ஆட்டினேன். இதை மறைத்து என்ன ஆகப்போகிறது.

ஏழு மணிக்கு வரச் சொன்னாள். ஐந்தரைக்கே போய் நின்றோம். உதவிக்கு என்று மனைவி சொன்னாள். அக்கா எங்களை ஒரு பார்வை பார்த்துவிட்டுக் கூடத்தில் உட்காரவைத்தாள். அங்கிருந்தே சமையலறை முழுக்கத் தெரியும்.

அவள் செய்ததைப் பார்க்க எனக்குப் பிடிக்கவில்லை, பார்க்காமலும் இருக்க முடியவில்லை. தேய்க்கும் பிரஷைப் பாத்திரம் கழுவும் தொட்டியின் ஓரத்தில் ஒட்டி வைத்திருந்தாள். கிழங்கை அதன்மேல் உருட்டி உருட்டி மண் போகத் தேய்த்தாள். வெட்டும் பலகையில் அடியிலிருந்து இரண்டு ஆணி அடித்து மேலே முனை தெரிய விட்டிருந்தாள். வெங்காயத்தை அதில் குத்தி நிறுத்தி, ஒரே கையால் நறுக்கினாள். எல்லாத் துண்டும் ஒரே கனம். அந்தக் கை இருபத்தாறு வருஷம் அளவு பார்த்த கை அல்லவா. சீஸ் துருவியின் பிடியை மேஜை இழுப்பறைக்குள் விட்டு, இடுப்பால் இழுப்பறையை அழுத்தி மூடிக்கொண்டாள். அசையவில்லை. காய்ந்த ரொட்டியைத் துணிப்பையில் போட்டு முஷ்டியால் குத்தினாள். அந்தக் குத்து ஒவ்வொன்றும் எனக்கு விழுகிற மாதிரிதான் இருந்தது.

ஒருமுறை பூண்டு கைநழுவிக் கீழே உருண்டது. என் மனைவி பாதி எழுந்தாள்.

"உட்காரு" என்றாள் அக்கா, திரும்பாமலே.

எண்ணெயும் உப்பும் தடவி, முள்கரண்டியால் குத்திய ஆறு கிழங்குகள் ஓவனுக்குள் போயின. அடுப்பில் வெங்காயம் பொன்னிறமாகப் பொரிந்தது, பிறகு பூண்டு, பிறகு வெண்ணெயில் ரொட்டித்தூள். வாசனை கூடத்துக்கு வந்ததும் என் வயிறு கட்சி மாறிவிட்டது. ஒரு மணி நேரம் கழித்து ஓவனை அணைத்துத் தட்டை வெளியே எடுத்து வைத்தாள். வெக்கையில் உடம்பெல்லாம் வியர்த்திருந்தது.

"குளிச்சுட்டு வரேன். யாரும் உள்ள கால் வைக்கக் கூடாது."

குளியலறையில் தண்ணீர் விழும் சத்தம் கேட்டதும் என் மனைவி எழுந்துவிட்டாள். நான் தடுத்திருக்க வேண்டும். அவள் தட்டைப் பார்த்தாள், உச்சுக் கொட்டினாள்.

"பாவங்க அக்கா. ஒரு கையில எப்படி உரிப்பாங்க? தோலோடயே விட்டுட்டாங்க பாருங்க. நாம உரிச்சு வச்சுடலாம், அவங்களே உரிச்ச மாதிரி இருக்கட்டும். யாருக்குத் தெரியப்போகுது?"

எங்கள் வீட்டில் உருளைக்கிழங்கைத் தோலோடு யாரும் தின்றதில்லை. அக்கா தோலோடு என்று வாய்விட்டுச் சொன்னதுகூட எங்கள் மண்டையில் ஏறவில்லை. முடியாததற்கு ஒரு சாக்கு சொல்கிறாள் என்றே எடுத்துக்கொண்டோம். நான் துண்டால் சூட்டோடு கிழங்கைப் பிடித்துக்கொள்ள, அவள் உரித்தாள். மடமடவென்று ஆறும் முடிந்தது. இரண்டு கிழங்கு கையிலேயே உடைந்தது. ஏதோ பெரிய புண்ணியம் செய்த திருப்தியோடு கூடத்தில் வந்து உட்கார்ந்தோம்.

ஈரத்தலையோடு வந்த அக்கா தட்டைப் பார்த்தாள். ஒரு கிழங்கை எடுத்துத் திருப்பிப் பார்த்துவிட்டு வைத்தாள். அவள் திட்டாமல் இருந்தால்தான் எனக்குப் பயம்.

"தோல் எங்க?"

"தொட்டிகிட்ட தட்டுல இருக்குக்கா. இதோ கொட்டிடறேன்."

"அதைத் தொட்ட, நடக்கறதே வேற."

கதவு நிலையில் சாய்ந்துகொண்டாள். வலது கையால் இடது கையை எடுத்து வயிற்றின்மேல் வைத்துக்கொண்டாள். குரல் உயரவே இல்லை.

"என்னால உரிக்க முடியாதுன்னு எனக்குத் தெரியாதா? மூணு வாரம் உக்காந்து யோசிச்சேன். உரிக்கவே வேண்டாத சமையல் ஒண்ணைத் தேடிப் பிடிச்சேன். தோல்தான் இதுக்குக் கிண்ணம். அதையும் வந்து உரிச்சு வச்சிருக்கீங்க. உங்க ரெண்டு பேருக்கும் நாலு கை இருக்கு, ஒண்ணையாவது சும்மா வச்சிருக்கத் தெரியலையே."

மனைவிக்குக் கண் கலங்கிவிட்டது. எனக்கு வெட்கமாக இருந்தது. அந்த வெட்கத்துக்கு நடுவிலும் ஒரு குரல், சரி, இன்றைக்குச் சமையல் கெட்டது, அக்கா நம்மோடு வந்துவிடுவாள் என்று கணக்குப் போட்டது. அந்தக் குரல் என்னுடையதுதான், வேறு யார்மேலும் பழி போட முடியாது.

அக்கா ஓவனை மறுபடி பற்றவைத்தாள். உரித்த கிழங்குகளைத் தட்டில் பரப்பி, டம்ளரின் அடியால் ஒவ்வொன்றையும் நசுக்கினாள். மேலே வெண்ணெய், உப்பு, மிளகு, சீஸ் துருவல் எல்லாம் போட்டு ஓவனுக்குள் தள்ளினாள். தோலையெல்லாம் பலகையில் அடுக்கிப் பட்டை பட்டையாக வெட்டி, வெங்காயம் பொரித்த அதே எண்ணெயில் போட்டாள். சடசடவென்று பொரிந்து சுருண்டன. உப்புத் தூவும்போது ஒன்றை எடுத்து வாயில் போட்டுக்கொண்டாள். கடிக்கிற சத்தம் கூடம் வரைக்கும் கேட்டது.

ஏழே முக்காலுக்குத் தட்டு மேஜைக்கு வந்தது. அடியில் ஓரமெல்லாம் சிவந்த கிழங்கு, அதன்மேல் உருகிய சீஸ், கெட்டித் தயிர், வெங்காயத்தாள், பூண்டு, ரொட்டித்தூள், பொரித்த வெங்காயம், எல்லாவற்றுக்கும் மேலே அந்தத் தோல். நான் முதல் வாய் வைத்தேன். குறை சொல்ல ஒன்றாவது கிடைக்காதா என்று மென்று பார்த்தேன். கிடைக்கவில்லை. இரண்டாவது முறை போட்டுக்கொண்டபோது அக்கா என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

என் மனைவிக்கு மனசு லேசாகியிருந்தது. எப்படியாவது அக்காவைச் சமாதானப்படுத்தவேண்டும் என்று பாராட்ட ஆரம்பித்தாள்.

"இந்த ஓவன் என்னமா வேலை செய்யுதுக்கா. இதை அவங்களுக்கே விட்டுட்டு வந்துடலாம்னு பேசிட்டிருந்தோம். இப்ப பாத்தா நம்ம வீட்டுக்கே தூக்கிட்டுப் போகணும் போல."

"எவங்களுக்கு?"

மனைவி நாக்கைக் கடித்துக்கொண்டு என்னைப் பார்த்தாள். நான் தட்டைப் பார்த்தேன். என்னோடு வேலை பார்க்கும் எலக்ட்ரீஷியன் குடும்பத்துக்கு அக்காவின் வீட்டை ஒன்றாம் தேதியிலிருந்து வாடகைக்குத் தருவதாக நான் வாக்குக் கொடுத்துப் பத்து நாளாகிறது. அவளிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை. அவளுக்கு நல்லதுதானே செய்கிறேன், பிறகு சொல்லிக்கொள்ளலாம் என்று இருந்துவிட்டேன். மென்று விழுங்கி, அதையெல்லாம் சொன்னேன்.

அக்கா கத்துவாள் என்று எதிர்பார்த்தேன். கரண்டியைக் கீழே வைத்தாள், அவ்வளவுதான்.

"போனை எடு."

"நாளைக்கு வேலைக்குப் போறப்ப நேர்லயே சொல்லிடறேன்க்கா."

"என்னைக் கேக்காம குடுத்த வாக்கு. என் எதிர்ல வாபஸ் வாங்கு. எனக்கும் கேக்கற மாதிரி வச்சுப் பேசு."

போனை மேஜைமேல் வைத்துக் கூப்பிட்டேன். எலக்ட்ரீஷியன் உற்சாகமாக எடுத்தான். அவன் மனைவி ஜன்னல் திரைத்துணிக்கு அளவு கேட்கச் சொன்னாளாம். நான் போனை நோக்கிக் குனிந்தேன்.

"அது வந்துப்பா, அக்காவுக்கு உடம்பு இன்னும் சரியா…"

அக்காவின் வலது கை மேஜையை ஒரு தட்டுத் தட்டியது. தட்டுகள் குலுங்கின.

"என் உடம்பை எதுக்கு இழுக்கற? உள்ளதைச் சொல்லு."

"யாருங்க அது?" என்றான் அவன்.

"எங்கக்கா" என்றேன். "மன்னிச்சுக்கப்பா. நான் கேக்காம சொல்லிட்டேன். அந்த வீடு காலி இல்ல. அதுல ஆள் இருக்காங்க."

அவன் சரி என்று மட்டும் சொல்லி வைத்துவிட்டான். நாளைக்கு அவன் முகத்தில் எப்படி விழிப்பது என்று நான் போனையே பார்த்துக்கொண்டிருந்தேன். அக்கா மிச்சமிருந்த தோலையெல்லாம் தன் தட்டில் தள்ளிக்கொண்டு, ஒவ்வொன்றாக எடுத்து, எங்களுக்குக் கேட்கும்படி கடித்துத் தின்றாள்.