ஆடிக் காற்றில் சிவகிரிக்கு

மதினியின் சைக்கிளில் செயின் கவர் சற்று வளைந்திருந்தது. மிதிக்கு ஒரு தடவை 'டக்' என்று தட்டும். சங்கரன்கோவிலில் எங்கள் தெருவில் அந்தச் சத்தம் ஒரு நாளைக்கு ஐந்தாறு முறை கேட்கும். காலையில் பால் வாங்க, பிறகு ஆஸ்பத்திரிக்கு, மதியம் சாப்பிட வீட்டுக்கு, மறுபடி ஆஸ்பத்திரிக்கு, சாயங்காலம் கடைத்தெருவுக்கு. எந்தப் பயணமும் இரண்டு கிலோமீட்டரைத் தாண்டாது. அண்ணனைக் கட்டிக்கொண்டு எங்கள் வீட்டுக்கு வந்தவள் அவள். ஊர் ஆஸ்பத்திரியில் நர்ஸ். எண்பதுகளின் தொடக்கம். சேலையைக் கணுக்காலுக்கு மேலே இழுத்துச் செருகிக்கொண்டு ஒரு பெண் சைக்கிளில் போனால் டீக்கடையில் கிளாஸ் பாதி வழியில் நின்றுவிடும். அவள் யாரையும் பார்க்க மாட்டாள். மணியை மட்டும் அடிப்பாள்.

எனக்கு அப்போது இருபத்து நாலு வயது. பருத்தி வியாபாரி ஒருவரின் அலுவலகத்தில் நாள் முழுக்க உட்கார்ந்து எழுதுகிற வேலை. ஆனால் மாதத்துக்கு ஒரு ஞாயிற்றுக்கிழமை சிநேகிதர்களோடு குற்றாலம்வரை சைக்கிள் மிதித்துவிட்டு வருவேன். அதற்கப்புறம் ஒரு வாரம் தெருவில் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு நடப்பேன். மீதி மூன்று வாரமும் என் சைக்கிள் சுவரில் சாய்ந்து நிற்கும். மதினி சைக்கிள் ஓட்டுவது எனக்கு வேடிக்கையாக இருந்தது. கோழி முற்றத்தைச் சுற்றுகிற மாதிரி என்று கேலி செய்வேன்.

அவள் ஏன் அப்படி ஓட்டினாள் என்பதை நான் அதிகம் யோசித்ததில்லை. இரண்டு வருஷத்துக்கு முன்னால் டைபாய்டு வந்து நாற்பது நாள் படுத்துக் கிடந்தவள். எழுந்தபோது வாசல்படி ஏறுவதற்குச் சுவரைப் பிடிக்க வேண்டியிருந்தது. முதல் வாரம் சைக்கிளைத் தெருமுனைவரை வெறுமனே உருட்டிக்கொண்டு போய்விட்டு வந்தாள். அடுத்த வாரம் தெருமுனைவரை ஓட்டினாள். பிறகு பால்காரர் வீடு, பிறகு கடைத்தெரு. ஒரு நாளும் விட்டதில்லை. காய்ச்சலில் கிடந்த அந்த உருவம் அண்ணன் கண்ணைவிட்டுப் போகவே இல்லை என்பது எனக்குப் பின்னால்தான் புரிந்தது.

அந்த வருஷம் ஆனிக் கடைசியில் மதினிக்கு ஒரு கடிதம் வந்தது. ராயகிரிப் பக்கம் கிராமச் செவிலியர் வேலை. பஸ்ஸில் போய் இறங்கி, அங்கிருந்து ஐந்து கிராமங்களுக்குச் சைக்கிளில் போய்வர வேண்டும். பிரசவம், தடுப்பூசி எல்லாம் அவள் பொறுப்பு. கடிதத்தை வைத்துக்கொண்டு அவள் நின்ற நிற்பிலேயே ஆசை தெரிந்தது. அண்ணன் ஒரே பேச்சில் மறுத்துவிட்டான்.

"தெருவுக்குள்ள சுத்துததும் ஒரு சைக்கிளா? அங்க ஊருக்கு ஊரு நாலு மைலு, அஞ்சு மைலு. ஏட்டி, காய்ச்சல்ல கெடந்த ஒடம்பு தாங்குமா?"

நானும் அண்ணன் பக்கம் சேர்ந்துகொண்டேன். "ஆமா மதினி. அடமழை பெஞ்சாத்தான் கெணறு ஊறும். தூத்தல்ல ஊறுமா?"

"தூத்தலு தெனமும் விழுந்தா பயிரு வெளஞ்சிரும் தம்பி. ஒங்க அடமழையில அது அழுகித்தான் போவும்" என்றாள் மதினி. அண்ணன் பக்கம் திரும்பினாள். "வார ஞாயித்துக்கெழமை நானும் தம்பியும் சிவகிரிக்குச் சைக்கிள்ல போறோம். நான் எடையில பஸ் ஏறாமப் போய்ச் சேந்துட்டா நீங்க ஒத்துக்கிடணும்."

"இந்த ஆடிக் காத்துலயா?"

"வேலைக்குப் போனா ஆடி மாசம் லீவா விடுவாவ?"

சிவகிரி இருபது கிலோமீட்டருக்கு மேல் இருக்கும். மேற்கே மலையைப் பார்த்த ரோடு. ஆடியில் காற்று அந்த மலையைத் தாண்டி இறங்கி நேராக முகத்தில் அறையும். அண்ணன் முதல் பஸ்ஸிலேயே சிவகிரிக்குப் போய்விட்டான். நாங்கள் விடிந்ததும் கிளம்பினோம்.

அந்தக் காலையை நினைத்தால் இப்போதும் எனக்கு உடம்பு பரபரக்கிறது. ஊரைத் தாண்டியதும் காற்று பிடித்துக்கொண்டது. காட்டுச் செம்மண் எழும்பிப் பல்லில் நறநறத்தது. நான் சீட்டைவிட்டு எழுந்து நின்று மிதித்தேன். குற்றாலத்துக்குப் போகிற வீரன் அல்லவா! திரும்பிப் பார்த்தபோது மதினி ஒரு புள்ளியாக இருந்தாள். அடுத்த ஊரில் கலர் சோடா வாங்கிக் குடித்துக்கொண்டு அவளுக்காகக் காத்து நின்றேன். 'டக், டக்' என்று சத்தம் வந்தது, அவள் வந்தாள், நிற்காமல் போனாள். குனிந்த தலை, ஒரே சீரான மிதி. பாட்டிலை வைத்துவிட்டு ஓடி ஏறினேன். மறுபடி முந்தினேன். மறுபடி இளைத்து நின்றேன். அவள் மறுபடி கடந்து போனாள். மூன்றாவது தடவை அவளை எட்டிப் பிடிக்க என்னால் முடியவில்லை. பனைமரங்கள் காற்றில் பின்னால் வளைந்து நின்ற ஒரு மேட்டில், வலது கெண்டைக்காலைக் கயிறு போட்டு முறுக்கினாற்போல் பிடித்துக்கொண்டது. சைக்கிளோடு ஓரத்தில் சாய்ந்தேன்.

காலை நீவிவிட்டுக்கொண்டு, நொண்டி நொண்டி உருட்டியபடி மேட்டைத் தாண்டினால், மதினி ஒரு மைல்கல்லில் கையை ஊன்றி நின்றுகொண்டிருந்தாள். முகம் சிவந்து வீங்கியிருந்தது. எனக்குப் பயமாகிவிட்டது. அண்ணன் சொன்னது நடந்துவிட்டதோ?

"மதினி, மூச்சு முட்டுதா? பஸ்ஸுல போயிருவமா?"

"மூச்சுக்கு என்ன? காலும் நல்லாத்தான் இருக்கு. உக்காந்த எடந்தான் தீயா எரியுது. கை மரத்துப் போச்சு." சொல்லிவிட்டு அவளே சிரித்துவிட்டாள். "தூரம் போனா இப்படி ஒண்ணு இருக்குன்னு எனக்குத் தெரியாமப் போச்சே! ஒங்களுக்குத் தெரியுமா?"

தெரியும். இடுப்பை அவ்வப்போது தூக்கிக்கொள்ள வேண்டும், கைப்பிடியை இறுக்கக் கூடாது, காற்று வலுக்கும்போது தோளைத் தணிக்க வேண்டும். அதெல்லாம் நெடுந்தூரம் போய்ப் போய் எனக்குப் படிந்திருந்த விஷயங்கள். சொன்னேன். தலையாட்டிக் கேட்டுக்கொண்டு ஏறினாள். மலை பெரிதாகிக்கொண்டே வந்தது. பாறையின் மடிப்புகள்கூடத் தெரிந்தன. என் காலோ பாதி மிதிக்கே கெஞ்சியது. அவள் என்னைவிட்டு விலகி விலகிப் போனாள். எனக்குத் துளியும் வருத்தம் இல்லை. "விடாதிய மதினி, அழுத்துங்க!" என்று ரோட்டில் போகிறவர்கள் திரும்பிப் பார்க்கும்படி கத்தினேன்.

நான் சிவகிரி பஸ் நிறுத்தத்துக்குப் போய்ச் சேர்ந்தபோது அண்ணன் அவளுடைய சைக்கிளைப் பிடித்துக்கொண்டு நின்றான். மதினி புழுதி படிந்த முகத்தோடு இளநீர் குடித்துக்கொண்டிருந்தாள். அண்ணனுக்குக் கண் கலங்கியிருந்தது. "தூரத்துல வரும்போதே தெரிஞ்சிட்டுலே. இவதான்னு" என்று என்னிடம் திரும்பத் திரும்பச் சொன்னான். திரும்பும்போது மூன்று பேரும் பஸ்ஸில்தான் வந்தோம். இரண்டு சைக்கிளும் மேலே கிடந்தன.

மறுநாள் காலை நான் கட்டிலைவிட்டு இறங்க முடியாமல் தொடையில் எண்ணெய் தேய்த்துக்கொண்டிருந்தேன். வழக்கமான நேரத்துக்கு மதினி பால் வாங்கப் போய்விட்டாள். அந்த வாரமே அண்ணன் சம்மதக் கடிதத்தைத் தானே கொண்டுபோய்த் தபாலில் போட்டான். நான் அலுவலகத்துக்குத் தினமும் சைக்கிளில் போக ஆரம்பித்தேன். மூன்று மாதம் கழித்துக் குற்றாலம் போனபோது, எனக்கு முன்னால் யாரோ ரோட்டைச் சுருக்கி வைத்துவிட்டாற்போல் இருந்தது. மதினியும் மாதம் ஒருமுறை எங்களோடு தூரம் வரலானாள். உடம்பைக் கட்டுவது தினசரி மிதிதான். கட்டிய உடம்புக்கு வழி சொல்லிக் கொடுப்பது நீண்ட பயணம். இன்று கையில் அடி எண்ணும் கடிகாரம் கட்டிக்கொண்டு பூங்காவில் நடக்கிறவர்கள், தினமும் கொஞ்சமா, என்றாவது நெடுந்தூரமா, எது நல்லது என்று விவாதிக்கும்போது நான் இவ்வளவுதான் சொல்வேன்.

சொல்லாமல் வைத்துக்கொள்வது ஒன்று உண்டு. ஐப்பசியில் ஒரு நாள் ராயகிரிப் பக்கம் ஓடையில் தண்ணீர் வந்து பஸ் நின்றுவிட்டது. ஒரு குக்கிராமத்தில் தலைப்பிரசவம், பிள்ளை கால் முன்னால் வருகிறது என்று ஆள் ஓடி வந்திருக்கிறான். மதினி சேற்றிலும் மழையிலும் ஐந்து மைல் மிதித்துப் போய் நேராக உள்ளே நுழைந்திருக்கிறாள். தாயும் பிள்ளையும் பிழைத்தார்கள். மறுநாள் சாயங்காலம் வீட்டுக்கு வந்து, சோற்றைப் பிசைந்தபடி அதைச் சொன்னாள். அண்ணன் சாப்பிடுவதை நிறுத்திவிட்டு அவளையே பார்த்துக்கொண்டிருந்தான்.

"எப்படி மதினி பயப்படாமச் செஞ்சிய?" என்று கேட்டேன்.

"பயந்தேன் தம்பி. ஆனா போயி நின்னப்ப எனக்கு மூச்சு வாங்கல" என்றாள். "மூச்சு வாங்கிருந்தா கை நடுங்கியிருக்கும்."